கசிவது ஓரிடம், கறை வேறிடம்

இந்த முறை வந்த கடிதங்களில் பழைய பைக்கின் ஆயில் கசிவைப் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் சுருக்கியிருக்கிறேன். ஒருவர் மூன்று பக்கம் எழுதியிருந்தார். விற்றவரைத் திட்டியது போக, பைக்கைப் பற்றி மிஞ்சியது இரண்டு வரி.

கேள்வி: இருபது வயதான பைக் ஒன்றை வாங்கினேன். பார்க்கப் போன அன்று எஞ்சின் கண்ணாடிபோல் பளபளத்தது. நான்காம் நாள் எஞ்சினின் அடிப்பாகம் முழுக்க ஆயில். எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. ஏமாந்துவிட்டேனா?

பதில்: ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றல்ல, பழியை நீங்களே சுமக்க வேண்டாம். விற்குமுன் எஞ்சினைக் கழுவுவது தவறில்லை. கசிவது தெரிந்தும் கழுவித் துடைத்து, வாய் திறக்காமல் பணத்தை எண்ணி வாங்குவது தவறு. நானும் இப்படி ஒரு பளபளப்பில் மயங்கியவன்தான். சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளின் இடுக்கில்கூடப் பொட்டுத் தூசி இல்லை. எவ்வளவு ஆசையாக வைத்திருக்கிறார் என்று உருகிப்போனேன். ஓடுகிற பழைய எஞ்சினில் தூசி இருந்தே தீரும். அந்தத் தூசி உலர்ந்து கிடந்தால் கசிவில்லை, பிசுபிசுத்தால் கசிவு. எனக்கு விற்றவர் அந்தச் சாட்சியை முதல் நாளே கழுவி அனுப்பியிருந்தார்.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். ஆயில் கீழ்நோக்கி இறங்கும். ஓட்டும்போது காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். பக்க ஸ்டாண்டில் சாய்த்து நிறுத்தினால் ஒரு பக்கத்துக் கசிவு அடிவழியாக ஓடி மறுபக்கம் சொட்டும். ஆகவே சொட்டும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டு, கசியும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைக்காதீர்கள்.

எஞ்சின் ஆறிய பிறகு ஆயில் பிசுக்கைக் கரைக்கும் டிகிரீசர் போட்டுக் கழுவுங்கள். மின் இணைப்புகளில் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம். முழுதாகக் காய்ந்ததும், சந்தேகப்படும் இடங்களில் டால்கம் பவுடரை மெல்லியதாகத் தூவுங்கள். பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் ஈரக்கோடு ஒன்று தெரியும். அதன் தலையைத் தேடுங்கள்: எல்லாவற்றுக்கும் மேலே, எல்லாவற்றுக்கும் முன்னே நனைந்திருக்கும் புள்ளி. ஒன்றும் தெரியாவிட்டால் இன்னொரு பத்து நிமிடம். ஊரைச் சுற்றிவிட்டு வந்து பார்த்தால் மறுபடி எல்லாமே ஆயிலாகத்தான் இருக்கும்.

பழைய வண்டிகளில் அந்தக் கோடு பெரும்பாலும் எஞ்சினின் மேல் மூடியான ஹெட் கவரின் கேஸ்கட்டிலோ (இரண்டு பாகங்களுக்கு நடுவே வைக்கும் அடைப்பு), கிளட்ச் கவரின் விளிம்பிலோ, கியர் மிதியின் தண்டு வெளியே வரும் இடத்து ஆயில் சீலிலோ (தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம்) போய் முடியும். இவற்றைச் சரிசெய்யப் பெரும்பாலான வண்டிகளில் எஞ்சினை இறக்க வேண்டியதில்லை. ஒரே நேரத்தில் மூன்று நான்கு இடத்தில் ஈரமா? அப்படியானால் கேஸ்கட் வாங்க ஓடாதீர்கள். எஞ்சினின் உள்ளே சேரும் காற்றழுத்தத்தை வெளியேற்றும் பிரீதர் குழாய் அடைத்திருக்கிறதா, மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அழுத்தம் போக வழியில்லாவிட்டால், பலவீனமான இடங்களில் எல்லாம் ஆயிலைத் தள்ளும். குழாய் சுத்தமாக இருந்தும் அழுத்தம் அதிகமென்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். அது சின்ன வேலை இல்லை. விற்றவருக்கு எழுத வேண்டிய கடிதத்தை, படங்களோடு, உடனே எழுதிவிடுங்கள்.

கேள்வி: ஓர் இரவுக்கு இரண்டு சொட்டு விழுகிறது. எஞ்சினை முழுதாகப் பிரிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். சொட்டு தொங்குவது ஆயிலை வடிக்கும் போல்ட்டின் தலையில். போன மாதம் ஆயில் மாற்றியதிலிருந்து இப்படி.

பதில்: உங்கள் கடைசி வரியை அந்த மெக்கானிக் காதில் வாங்கவில்லை, அல்லது நன்றாகவே வாங்கியிருக்கிறார்.

அந்த போல்ட்டுக்கு அடியில் செம்பிலோ அலுமினியத்திலோ ஒரு வாஷர் இருக்கும். அது நசுங்கித்தான் அடைக்கிறது. ஏற்கெனவே நசுங்கியதை அப்படியே மறுபடி போட்டால் சொட்டத்தான் செய்யும். ஆயில் மாற்றும்போதெல்லாம் புதிது போடுங்கள். அவசரத்துக்குச் செம்பு வாஷரை மட்டும் நெருப்பில் சிவக்கக் காய்ச்சி ஆறவைத்தால் மறுபடி மென்மையாகும். முதலில் போல்ட்டைச் சுற்றித் துடைத்து, ஆயில் மேலேயிருந்து வழிந்து வரவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

சொட்டு நிற்கவில்லையே என்று போல்ட்டை மேலும் மேலும் முறுக்காதீர்கள். எஞ்சினின் அடிப்பாகம் அலுமினியம்; மரை கழன்றுவிடும். தலைவலி போய்த் திருகுவலி வந்தது என்பார்களே, இங்கே அது எழுத்துக்கு எழுத்து உண்மை. பிரிக்கத்தான் வேண்டும் என்று இனி யார் சொன்னாலும் ஒன்றே ஒன்று கேளுங்கள்: 'கசியும் இடத்தைக் கையால் தொட்டுக் காட்டுங்கள்.' காட்ட முடியாதவரிடம் ஸ்பேனரைக் கொடுக்காதீர்கள். வேலை நடந்தால் கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள், எது எதற்கு எவ்வளவு என்று பில்லில் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: கசிவை நிறுத்தும் திரவம் என்று பாட்டிலில் விற்கிறார்களே, வாங்கலாமா?

பதில்: வேண்டாம். நான் இரண்டு பாட்டில் வாங்கினேன். இரண்டாவதை எதற்கு வாங்கினேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

கேள்வி: கிளட்ச் கவரில் கசிவு. நானே கழற்றி, பழைய கேஸ்கட்டின் மேலேயே சிலிக்கான் பேஸ்ட்டைத் தாராளமாகப் பூசி மூடினேன். ஒரு வாரத்தில் மறுபடி கசிகிறது. இதைவிட நல்ல பேஸ்ட் எது?

பதில்: இந்தப் 'தாராளமாக' என்ற சொல்லுக்காகத்தான் இத்தனை வருடமாகக் காத்திருந்தேன். கொஞ்சம் நீளமாகப் பேசப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கவரை இறுக்கியதும் பேஸ்ட் வெளியே பிதுங்குகிறது. நீங்கள் திருப்தியாக விரலால் வழித்தெடுக்கிறீர்கள். அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும், அதை வழிக்க அங்கே விரல் இல்லை. அது இறுகி, ரப்பர் புழுவைப்போலத் தொங்கி, ஒருநாள் அறுந்து ஆயிலில் விழும். நேராகப் போய் ஆயில் பம்பின் வலையில் உட்காரும். துணுக்கு சின்னதாக இருந்தால் நுண்ணிய ஆயில் பாதையில் சிக்கும். தலைப்பகுதியில் சுழலும் கேம் தண்டுக்கு ஆயில் போகாது. ஒரு காகிதக் கேஸ்கட்டை மிச்சப்படுத்தப் போய் எஞ்சினையே கொன்றவர்கள் உண்டு. எந்த மெக்கானிக் கடைக்குப் போனாலும் இந்தப் பேஸ்ட் குழாயைத்தான் முதலில் கையில் எடுக்கிறார்கள். விளிம்பைச் சுரண்டிச் சுத்தம் செய்ய ஒரு மணி நேரம் ஆகும், பேஸ்ட்டுக்கு ஒரு நிமிடம் போதும். இதற்குமேல் இதில் தொழில் ரகசியம் எதுவும் இல்லை.

முறையாகச் செய்வது இப்படித்தான். பழைய கேஸ்கட்டை முழுதாக எடுங்கள். பிளாஸ்டிக்கிலோ மரத்திலோ ஆன சுரண்டியால் எடுங்கள், ஸ்க்ரூ டிரைவரால் அல்ல. அலுமினியத்தில் விழும் ஒரு கீறல் ஆயிலுக்கு வெட்டிக் கொடுத்த வாய்க்கால். இரண்டு விளிம்பும் எண்ணெய்ப் பசை இல்லாமல் உலர்ந்திருக்க வேண்டும். போல்ட்டுகளின் நீளம் ஒரே மாதிரி இருக்காது. ஓர் அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, எதை எங்கிருந்து கழற்றினீர்களோ அங்கேயே குத்தி வையுங்கள். நீள போல்ட் குட்டைத் துளைக்குள் போனால் அடியில் முட்டி நின்றுவிடும். கை இறுகிவிட்டதாகச் சொல்லும், கவர் இறுகியிருக்காது. குறுக்கும் நெடுக்குமாக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். இந்த வகை 6 மில்லிமீட்டர் போல்ட்டுகளுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும். வண்டியின் கையேடு வேறு அளவு சொன்னால் கையேடுதான் சரி.

பேஸ்ட்டுக்கு வேலையே இல்லையா என்றால், உண்டு. கேஸ்கட்டே இல்லாமல் இணையும் கிராங்க் கேஸ் (எஞ்சினின் அடிக்கூடு) பாதிகள், ஹெட் கவரின் அரைவட்ட மூலைகள் எனத் தயாரிப்பாளர் குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட வகையை, ஒரு படலமாகப் பூசலாம்.

கேஸ்கட் வாங்கும்போது மலிவான 'முழு செட்' பக்கம் போகாதீர்கள். எனக்கு வந்த ஒன்றில் இரண்டு போல்ட் துளைகள் பொருந்தவேயில்லை. திருப்பி அனுப்புவதை விட்டுவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தேன். மறுநாள் காலை தரையைப் பார்த்தபோது கேஸ்கட் செய்தவர்மேல் வந்த கோபத்தைவிட என்மேல்தான் அதிகம் வந்தது.

கேள்வி: கசிகிறதே என்று முன்னெச்சரிக்கையாக அளவுகோலின் மேல் கோட்டுக்கு மேலே அரை லிட்டர் கூடுதலாக ஊற்றி வைத்தேன். இப்போது ஏர் ஃபில்டர் பெட்டியிலும் ஆயில்.

பதில்: அந்த மேல் கோடு அழகுக்குப் போட்டது என்று நினைத்தீர்களா? கூடுதல் ஆயிலை உள்ளே சுழலும் கிராங்க் தண்டு அடித்து நுரைக்க வைக்கிறது, உள்ளே அழுத்தம் ஏறுகிறது, பிரீதர் வழியாக ஏர் ஃபில்டருக்கு வருகிறது. வடித்து அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஃபில்டரைப் பாருங்கள், ஊறியிருந்தால் மாற்றுங்கள். வண்டியை நிமிர்த்தி வைத்து, எஞ்சினை நிறுத்திச் சில நிமிடம் கழித்து அளவு பாருங்கள். அளவுகோலைத் திருகிப் பார்க்க வேண்டுமா, திருகாமல் வைத்துப் பார்க்க வேண்டுமா என்பது வண்டிக்கு வண்டி மாறும். அதற்கும் கையேட்டைத் திறக்க வேண்டும். உங்களுடையது இன்னும் பிளாஸ்டிக் உறையில்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: கசிகிற எஞ்சினுக்கு விலையுயர்ந்த ஆயில் எதற்கு என்று கார் ஆயிலை ஊற்றினேன். கசிவு அப்படியே இருக்கிறது, இப்போது கிளட்ச்சும் வழுக்குகிறது.

பதில்: பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் அதே ஆயிலில்தான் குளிக்கிறது, எரிபொருள் சிக்கனத்துக்காக உராய்வைக் குறைக்கும் சேர்மானம் கலந்த கார் ஆயில் கிளட்ச்சை வழுக்க வைக்கும். மாற்றிவிட்டு, டப்பாவில் 'ஜாசோ எம்ஏ' (ஆயிலில் குளிக்கும் பைக் கிளட்ச்சுக்கு ஏற்றது என்ற தரக்குறி) என்று இருக்கிறதா என்று படித்து வாங்குங்கள்.

கேள்வி: செயினை இழுக்கும் முன் பல்சக்கரத்தின் (ஸ்ப்ராக்கெட்) மூடிக்குள் கறுப்புக் கூழ். செயினுக்குப் போட்ட ஆயில்தான் என்று விட்டுவிட்டேன். இப்போது பின் டயரிலும் தெரிகிறது. சீல் வாங்கிவிட்டேன், போட்டால் போதுமா?

பதில்: டயரில் ஆயில் பட்ட வண்டியை ஓட்டாதீர்கள். துடைத்துக் கழுவிவிட்டுப் பிறகு மற்றதைப் பேசலாம்.

மூடியைக் கழற்றிக் கூழையெல்லாம் சுத்தம் செய்து, கொஞ்ச நேரம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்திப் பாருங்கள். ஸ்ப்ராக்கெட் மாட்டிய தண்டைச் சுற்றி ஈரம் ஊறினால் சீல்தான். போடுவதற்கு முன் தண்டைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். செயினை விறைப்பாக வைத்து ஓட்டினால் பேரிங் தேயும்; ஆடுகிற தண்டில் எந்தச் சீலும் நிலைக்காது. புதிய சீலின் உதட்டில் ஆயில் தடவி, சுருள் கம்பி இருக்கும் பக்கம் எஞ்சினைப் பார்க்கும்படி, சீலின் விளிம்பளவு அகலமுள்ள குழாய் ஒன்றை வைத்துச் சமமாகத் தட்டி இறக்குங்கள். சில எஞ்சின்களில் இந்தச் சீலை உள்ளிருந்துதான் போட முடியும், கிராங்க் கேஸையே பிரிக்க வேண்டியிருக்கும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். உங்களுடையது எந்த வகை என்று தெரிந்துகொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

கேள்வி: முன் ஃபோர்க்கில் கசிவு. ஆறு மாதத்தில் இரண்டு முறை சீல் மாற்றிக் கொடுத்தார்கள், இரண்டு முறையும் முழுப் பணம் வாங்கினார்கள். மறுபடி கசிகிறது.

பதில்: உங்களுக்காக வருத்தப்படுகிறேன். முதல் முறை சீல் கிழிந்தபோதே ஏன் கிழிந்தது என்று பார்த்திருக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு. ஃபோர்க் குழாயின் குரோம் பூச்சில் நகத்தை வைத்து மெல்ல இழுத்துப் பாருங்கள். துருப்பிடித்த சிறு குழியில் நகம் மாட்டினால் அதுதான் குற்றவாளி. ஒவ்வொரு முறை ஃபோர்க் இறங்கும்போதும் சீலின் உதட்டை அறுக்கிறது. குழாயைச் சரிசெய்யாமல் மூன்றாவது சீலுக்குப் பணம் கொடுக்காதீர்கள். குழாய் வழவழப்பாக இருந்தால் சீலின் அடியில் மணல் துகள் சிக்கியிருக்கலாம்; மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை உள்ளே செருகிச் சுற்றி வந்தால் துகள் வெளியே வரும், கசிவும் நிற்கக்கூடும். பிரேக்கையும் பாருங்கள். ஃபோர்க் ஆயிலில் ஊறிய பிரேக் பேடைத் துடைத்துப் பயன்படுத்த முடியாது, மாற்றத்தான் வேண்டும். இரண்டு பில்களையும் எடுத்துக்கொண்டு போய் அதே இடத்தில் கேளுங்கள், சத்தமாக.

கேள்வி: பழைய பிரிட்டிஷ் இரட்டை சிலிண்டர் வண்டி வாங்கினேன். ஒரு மாதம் நின்ற பிறகு ஸ்டார்ட் செய்தால் பிரீதரில் ஆயில் கொட்டுகிறது. 'இந்த வண்டிகள் எல்லாமே அப்படித்தான்' என்கிறார் விற்றவர்.

பதில்: பாதி உண்மை. அவற்றில் பலவற்றுக்கு ஆயில் தனித் தொட்டியில் இருக்கும். வண்டி நின்றால் பம்பைத் தாண்டி மெல்ல இறங்கி கிராங்க் கேஸை நிரப்பும். ஸ்டார்ட் செய்ததும் வெளியே கொட்டும். நாள்பட நின்றிருந்தால், ஸ்டார்ட் செய்யுமுன் கிராங்க் கேஸில் தேங்கியதை வடித்துத் தொட்டியில் ஊற்றுங்கள். வாரக்கணக்கில் இறங்குவது வழக்கம். ஒரே இரவில் தொட்டி காலியானால் பம்பையோ அதன் வால்வையோ பார்க்க வேண்டும். இன்னொன்று, அவற்றின் கிராங்க் கேஸ் செங்குத்தாகப் பிரியும், இணைப்பு அடிவரை இறங்கி ஆயிலிலேயே நிற்கும். 1969இல் வந்த ஹோண்டா சிபி750இன் கிராங்க் கேஸ் கிடையாகப் பிரியும். அதைப் பார்த்த பிறகுதான், தரையில் கறை விடாமலும் ஒரு பெரிய பைக் நிற்க முடியும் என்று பலர் நம்பினார்கள்.

கேள்வி: அடியில் அட்டை வைத்துவிட்டால் போதாதா?

பதில்: தரைக்குப் போதும்.

கேள்வி: நிறுத்துமிடத்தில் தினமும் ஒரு கறை. வாஷர் மாற்றினேன், ஃபில்டரின் ஓ-ரிங் மாற்றினேன், கிளட்ச் கவர் கேஸ்கட்டும் மாற்றினேன். கறை நிற்கவில்லை. ஆச்சரியம் என்னவென்றால் நான்கு மாதமாக ஆயில் அளவு துளியும் குறையவில்லை.

பதில்: இன்றிரவு உங்கள் வண்டியை வேறிடத்தில் நிறுத்துங்கள். காலையில் பழைய இடத்தில் புதுக் கறை இருந்தால், பக்கத்தில் நிறுத்துகிறவரிடம் மேலே உள்ள முதல் பதிலைக் காட்டுங்கள்.