கரடி எதிர்ப்பட்டால்: வாசகர் கேள்விகள்

கேள்வி: வரும் ஆகஸ்ட் மாதம் மனைவியுடனும் பன்னிரண்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுடனும் மொன்டானா மாநிலத்திலுள்ள கிளேசியர் தேசியப் பூங்காவில் நடைப்பயணம் போகிறோம். இரண்டு இரவுகள் காட்டுக்குள்ளேயே கூடாரத்தில் தங்குவதாகத் திட்டம். கரடி எதிரில் வந்தால் ஓட வேண்டுமா, மரமேற வேண்டுமா, மூச்சை அடக்கிப் படுத்துவிட வேண்டுமா? பள்ளிக்கூடத்தில் படித்த இரு நண்பர்கள் கதையைத் தவிர இதைப் பற்றி எனக்கு வேறொன்றும் தெரியாது.
(ஒரு வாசகர், சியாட்டில்)

பதில்: அந்தக் கதையை முதலில் மறந்துவிடுங்கள். மரமேறித் தப்பிய நண்பனும் சரி, மூச்சடக்கிப் படுத்துத் தப்பிய நண்பனும் சரி, நிஜக் காட்டில் பிழைத்திருப்பார்கள் என்று சொல்வதற்கில்லை. கருங்கரடி நம்மைவிட வேகமாக மரம் ஏறும். கிளைகள் வாகாக இருந்தால் கிரிஸ்லி எனப்படும் வட அமெரிக்கப் பழுப்புக் கரடியும் ஏறும். ஓடுவது அதைவிடத் தவறு. கரடியால் மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓட முடியும்; ஓடுகிற எதையும் துரத்தத் தூண்டும் இயல்பும் அதற்கு உண்டு. பிள்ளைகள் பயந்து ஓடிவிடக் கூடாது என்பதால், "நின்றுவிடு, அப்பாவின் முதுகுக்குப் பின்னால் வா" என்பதை வீட்டு வாசலிலேயே நான்கைந்து முறை விளையாட்டைப் போல நடத்திப் பழக்கிவிடுங்கள்.

கரடியைக் கண்டபின் செய்வதைவிட, காணும் முன் செய்வதுதான் உங்கள் குடும்பத்தைக் காக்கும். கிரிஸ்லி மனிதரைத் தாக்கிய நிகழ்வுகளில் பெரும்பாலானவை திடுக்கிடலால் நேர்ந்தவை. வளைவு திரும்பியதும் இருபது அடி தூரத்தில் குட்டிகளோடு ஒரு தாய் நிற்கிறது, இரண்டு பக்கமும் அதிர்ச்சி, தாய் பாய்கிறது. நாம் வருவது அதற்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால், அநேகமாக நாம் பார்க்கும் முன்பே அது விலகிப் போயிருக்கும். ஆகவே பேசிக்கொண்டே நடங்கள். வளைவுகளிலும், புதர் அடர்ந்த இடங்களிலும், ஓடை இரையும் இடங்களிலும், காற்று எதிர்முகமாக வீசும்போதும் கையைத் தட்டி உரக்கக் குரல் கொடுங்கள். பையில் கட்டும் சிறு மணியை நம்ப வேண்டாம். அதன் ஓசை அதிக தூரம் போவதில்லை. நால்வரும் சேர்ந்தே நடக்க வேண்டும். ஒன்பது வயதுப் பிள்ளை உற்சாகத்தில் முன்னால் ஓடிப் போவது நகரத்துப் பூங்காவில் அழகு, அங்கே ஆபத்து.

நீங்கள் போகும் ஆகஸ்ட், கரடிகள் விரும்பித் தின்னும் ஹக்கிள்பெர்ரி என்ற காட்டுப்பழம் பழுக்கும் காலம். அந்தப் பூங்காவில் சுமார் 300 கிரிஸ்லிகள் வாழ்கின்றன. கருங்கரடிகள் அதைவிட அதிகம். பனிக்கால உறக்கத்துக்குக் கொழுப்பைச் சேர்க்க வேண்டிய கட்டாயத்தில், விடிந்தது முதல் இருட்டும் வரை அவை தின்றுகொண்டே இருக்கும். பல ஆண்டுகளுக்கு முன் அங்குள்ள ஐஸ்பெர்க் ஏரிப் பாதையில் நடந்தபோது, பாதை நடுவே ஒரு கரடியின் எச்சத்தைக் கண்டேன். ஊதா நிறத்தில், பழத்தோல்களும் முழுதாகச் செரிக்காத காய்களுமாக, ஈரம் காயாமல் பளபளத்தது. நாங்கள் மூவரும் பேச்சை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். பேச்சை நிறுத்தியதுதான் நாங்கள் செய்த பிழை. எங்களில் மூத்தவர் அதை உணர்ந்து ஓங்கிக் கைதட்டினார். சற்றுத் தூரத்தில் புதர் அசைந்தது. பழுப்பு நிற முதுகு ஒன்று சரிவில் மேலேறி, ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் போனது. அந்தக் கைதட்டல் இல்லாமல் நாங்கள் இன்னும் முப்பது அடி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

இத்தனைக்குப் பிறகும் நேருக்கு நேர் சந்திக்க நேர்ந்தால், நின்று, பிள்ளைகளைப் பின்னால் சேர்த்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் நிதானமாகப் பேசியபடி, அதன் கண்ணை உற்றுப் பார்க்காமல், மெல்லப் பின்வாங்குங்கள். அது பின்னங்கால்களில் எழுந்து நின்றால் பெரும்பாலும் மோப்பம் பிடிக்கிறது, என்னவென்று பார்க்கிறது என்றே பொருள். தாடையை நறநறவென்று அடித்து, பெருமூச்சாகச் சீறி, தரையை அறைந்தால், நீங்கள் மிக அருகில் இருக்கிறீர்கள் என்று எச்சரிக்கிறது. பாய்ந்து வந்து பாதியில் நின்றுவிடும் பொய்ப் பாய்ச்சலும் உண்டு. அப்போதும் ஓடாமல் நிற்க வேண்டும் என்பது எழுதுவதற்கு எளிது, செய்வதற்குக் கடினம் என்று அறிந்தேதான் சொல்கிறேன்.

உண்மையிலேயே மேலே விழுந்துவிட்டால், எந்தக் கரடி என்பது முக்கியமாகிறது. தற்காப்புக்காகத் தாக்கும் கிரிஸ்லியாக இருந்தால், முதுகுப் பையைக் கழற்றாமல் குப்புறப் படுத்து, விரல்களைப் பிடரியில் கோத்து, புரட்ட முடியாதபடி கால்களை அகட்டிக்கொண்டு அசையாமல் கிடக்க வேண்டும். அது விலகிய பிறகும் சில நிமிடங்கள் எழக் கூடாது. கருங்கரடியாக இருந்தால் படுக்கவே கூடாது. கல், கோல், கையில் கிடைத்தது எதையும் கொண்டு முகத்தையும் மூக்கையும் குறிவைத்துப் போராட வேண்டும். எந்த இனமானாலும், விடாமல் பின்தொடர்ந்து வந்தாலோ, இரவில் கூடாரத்துக்குள் புகுந்தாலோ, அது இரையாக நினைத்து வருகிறது. அங்கே போராட்டம் மட்டுமே வழி.

நிறத்தைக் கொண்டு இனத்தை முடிவு செய்யாதீர்கள். கருங்கரடிகளில் பழுப்பும் உண்டு, இலவங்கப்பட்டை நிறமும் உண்டு. தோள்மேல் திமில் போன்ற புடைப்பு, நடுவில் குழிந்த முகம், குட்டையான வட்டக் காது, நீண்ட நகங்கள் ஆகியவை கிரிஸ்லியின் அடையாளங்கள். திமில் இல்லாத தோளும், நெற்றியிலிருந்து மூக்குவரை நேராக இறங்கும் முகமும், உயர்ந்த காதுகளும் கருங்கரடிக்கு உரியவை.

கேள்வி: கரடி ஸ்ப்ரே என்று ஒன்று விற்கிறார்களே, அது உண்மையில் பயன்படுமா? துப்பாக்கிதான் பாதுகாப்பு என்று என் அலுவலக நண்பர் அடித்துச் சொல்கிறார்.
(ஒரு வாசகி, டென்வர்)

பதில்: பயன்படும். அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை ஸ்ப்ரே பயன்படுத்தப்பட்ட 83 நிகழ்வுகளை ஆராய்ந்து, 2008-இல் வெளியான ஆய்வு ஒன்று, பத்தில் ஒன்பது முறை அது கரடியைத் தடுத்து நிறுத்தியதாகவும், அதை வைத்திருந்தவர்களில் 98 விழுக்காட்டினர் காயமின்றித் தப்பியதாகவும் கூறுகிறது. பாய்ந்து வரும் விலங்கைப் பதற்றத்தில் ஒரே குண்டில் வீழ்த்துவது கைதேர்ந்தவருக்கே அரிது. காயம்பட்ட கரடி இன்னும் மூர்க்கமாகும். ஸ்ப்ரேக்குக் குறி அத்தனை துல்லியமாக இருக்க வேண்டியதில்லை. மிளகாயின் காரச் சத்தான கேப்சைசின் மேகமாகப் பரவி, கரடியின் கண்ணையும் மூக்கையும் மூச்சையும் சிறிது நேரம் முடக்கும். கரடியும் உயிரோடு திரும்பிப் போகும் என்பது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது.

வாங்கும்போது, மனிதருக்கான சிறிய பெப்பர் ஸ்ப்ரேயை வாங்கிவிடாதீர்கள். கரடிக்கென்றே விற்கப்படுவதாக, குறைந்தது 225 கிராம் எடையுள்ளதாக, 25 அடி எட்டுவதாக, ஆறு நொடியாவது தொடர்ந்து பீய்ச்சுவதாக இருக்க வேண்டும். காலாவதித் தேதியைப் பாருங்கள். பைக்குள் புதைத்து வைத்த ஸ்ப்ரே இல்லாததற்குச் சமம். இடுப்பிலோ மார்புப் பட்டையிலோ கைக்கு எட்டும்படி இருக்கட்டும். பாதுகாப்புக் கொக்கியைக் கட்டை விரலால் பின்னுக்கு இழுத்து எடுக்கும் அசைவை, காரமில்லாத பயிற்சிக் குப்பியைக் கொண்டு கைக்குப் பழகும்வரை செய்து பாருங்கள். கரடி முப்பது அடிக்குள் நெருங்கும்போது, அதன் முகத்துக்குச் சற்றுக் கீழே குறிவைத்து, அது மேகத்துக்குள் ஓடி வரும்படி அடியுங்கள்.

கொசு மருந்தைப் போல அதை உடம்பிலும் கூடாரத்திலும் தெளிப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். காய்ந்துபோன மிளகாய் வாடை கரடியை விரட்டுவதற்குப் பதிலாக ஈர்க்கும். வெயிலில் நிற்கும் காரிலும் குப்பியை விட்டுவைக்கக் கூடாது. அமெரிக்க விமானங்களில் கைப்பையிலும் பெட்டியிலும் அதற்கு அனுமதி இல்லை என்பதால், போய் இறங்கும் ஊரில் வாங்கிக்கொள்ளுங்கள். கலிபோர்னியாவின் யோசெமிட்டிப் பூங்காவில் ஸ்ப்ரேயைக் கொண்டுபோவதே தடை செய்யப்பட்டுள்ளது. அங்கே கிரிஸ்லி இல்லை, கருங்கரடி மட்டுமே.

கேள்வி: நாங்கள் சைவம். புளியோதரை, இட்லிப் பொடி, நெய், ஊறுகாய் எல்லாம் வீட்டிலிருந்தே எடுத்துச் செல்வது வழக்கம். மாமிச வாடைதானே கரடியை ஈர்க்கும்?
(ஒரு வாசகி, சான் ஹோசே)

பதில்: கரடி அனைத்துண்ணி, சகோதரி. அதற்குச் சைவம், அசைவம் என்ற வேறுபாடு கிடையாது. பெருங்காயமும் நெய்யும் நல்லெண்ணெயும் மணக்கும் ஒரு புளியோதரைப் பொட்டலம், நமக்குப் பத்தடியில் மணந்தால் அதற்கு எவ்வளவோ தூரத்திலிருந்து மணக்கும். சாப்பாட்டை விட்டுவிட்டுப் போகச் சொல்லவில்லை. அடைத்து வைக்கும் முறையைத்தான் மாற்றச் சொல்கிறேன். டப்பாக்களின் வெளிப்புறத்தில் எண்ணெய்க் கறை இல்லாமல் துடைத்து, இரட்டை ஜிப் பையில் போட்டு, கரடியால் திறக்க முடியாத கெட்டிப் பிளாஸ்டிக் கேனிஸ்டருக்குள் வையுங்கள். யோசெமிட்டிக் காட்டுப் பகுதியில் இது கட்டாயம். இத்தகைய டப்பாக்களை வெஸ்ட் யெல்லோஸ்டோன் நகரத்தில் வளர்க்கப்படும் கிரிஸ்லிகளிடமே கொடுத்துச் சோதிக்கிறார்கள். ஒரு மணி நேரம் கடித்தும் குதித்தும் உடைக்க முடியாவிட்டால்தான் சான்று கிடைக்கும்.

சமைக்கும் இடமும், உணவை வைக்கும் இடமும், தூங்கும் கூடாரத்திலிருந்து சுமார் 90 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். தொங்கவிடுவதானால் தரையிலிருந்து பத்தடி உயரமும், அடிமரத்திலிருந்து நான்கடி விலகலும் வேண்டும். தாளித்த வாடை ஏறிய சட்டையோடு தூங்கப் போகக் கூடாது. பற்பசை, சோப்பு, தலைக்குத் தடவும் தேங்காய் எண்ணெய், குழந்தையின் சட்டைப் பையில் மறந்துபோன கடலை மிட்டாய் ஆகிய அனைத்தும் கரடியின் கணக்கில் உணவுதான்.

இதில் இவ்வளவு கண்டிப்புக் காட்டுவதற்கு ஒரு துயரமான காரணம் இருக்கிறது. கிளேசியர் பூங்கா 1910-இல் தொடங்கியது. அதன்பின் 57 ஆண்டுகள் அங்கே கிரிஸ்லியால் ஒருவர்கூடச் சாகவில்லை. 1967 ஆகஸ்ட் 13 அன்று, விடிவதற்குள், வெவ்வேறு இடங்களில் இரண்டு கரடிகள் இரண்டு இளம்பெண்களைக் கொன்றன. ஓர் இடத்தில், தங்கும் விடுதியின் எச்சில் உணவைத் தேடி இரவுதோறும் கரடிகள் வந்துகொண்டிருந்தன. விருந்தினர்கள் அதைக் காட்சியாகப் பார்த்து மகிழ்ந்தார்கள். மற்றோர் இடத்தில், முகாம்களின் உணவைத் தின்று பழகிய கரடி அந்தக் கோடை முழுவதும் ஆட்களை மிரட்டி வந்திருந்தது. அதன் பிறகுதான் குப்பையும் உணவும் பற்றிய விதிகள் இறுகின. மனித உணவின் ருசி கண்ட கரடி மனிதனுக்கு அஞ்சுவதை நிறுத்திவிடும். கடைசியில் பெரும்பாலும் அதைச் சுட்டுக் கொல்ல வேண்டி வரும். நீங்கள் மூடாமல் விட்ட ஒரு டப்பா, உங்களுக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும், அடுத்த மாதம் ஒரு கரடியின் உயிரை வாங்கக்கூடும்.

கேள்வி: மாதவிடாய் நாட்களில் பெண்கள் கரடிக் காட்டுக்குப் போகக் கூடாது என்கிறார்களே?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்: போகலாம். மேலே சொன்ன 1967 துயரத்துக்குப் பின் எழுந்த ஊகம் இது. அந்த வாடை கிரிஸ்லியையோ கருங்கரடியையோ தாக்கத் தூண்டுகிறது என்பதற்குச் சான்று இல்லை. பயன்படுத்திய நாப்கினைப் புதைக்காமல், ஜிப் பையில் மூடி, உணவோடு சேர்த்து கேனிஸ்டரில் வைத்து ஊருக்குத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். அதற்கு மேல் எந்தத் தடையும் உங்களுக்கு இல்லை.

கேள்வி: நான் தேயிலைத் தோட்டத்தில் மேஸ்திரி. எங்கள் பகுதியில் கரடி நடமாட்டம் அதிகம். அமெரிக்கக் கரடிக்குச் சொல்லும் விதிகள் நம் கரடிக்கும் பொருந்துமா?
(ஒரு வாசகர், கோத்தகிரி)

பதில்: பாதி பொருந்தும், ஐயா. பழந்தமிழில் எண்கு என்று பெயர் பெற்ற நம் கரடி, புற்றைப் பிளந்து கறையானை உறிஞ்சித் தின்பது. அதற்குப் பார்வை மந்தம். புற்றில் வாயை வைத்துவிட்டால் ஆள் நெருங்குவதே தெரியாமல் முனைந்திருக்கும். புலியோடு ஒரே காட்டில் வாழ்ந்து பழகியதால், அருகில் ஏதேனும் திடுக்கிட வைத்தால் ஓடி ஒளிவதைவிட எதிர்த்துப் பாய்வதே அதன் வழி. குட்டிகளை முதுகில் சுமந்து திரியும் தாயிடம் இன்னும் கவனம் வேண்டும். ஆகவே சத்தமிட்டு நடக்கும் விதி அமெரிக்காவைவிட உங்களுக்கு அதிகமாகப் பொருந்தும்.

அதிகாலையிலும் மாலை மங்கிய பிறகும் தனியாக ஒருவரும் தோட்டத்துக்குள் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். உண்ணிச்செடிப் புதர் ஓரங்களில் பச்சை பறிக்கத் தொடங்கும் முன், நீங்கள் முன்னால் போய்க் கோலால் தட்டி, குரல் கொடுத்து, சற்று நேரம் காத்திருந்து, பிறகு ஆட்களை இறக்குங்கள். நம் கரடி பெரும்பாலும் தலையையும் முகத்தையும் கிழிப்பதால், அது மேலே விழுந்துவிட்டால் குப்புறப் படுத்து, முகத்தைத் தரையோடு சேர்த்து, பிடரியைக் கைகளால் மூடிக்கொள்ள வேண்டும். கரடி தோட்டத்தில் படுத்திருப்பது தெரிந்தால், கூட்டம் கூடி விரட்டாமல், அது போக ஒரு பக்கத்தைத் திறந்து விட்டு, வனத்துறைக்குச் சொல்லுங்கள். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இருக்கிறது என்பதையும் இளைஞர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

நீலகிரியில் கோயில் விளக்கு எண்ணெயைக் குடிக்கவும், கடைகளில் தின்பண்டம் தேடவும் கரடிகள் ஊருக்குள் வருவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். பூசை முடிந்ததும் எண்ணெய்க் குப்பியையும் நெய்யையும் சன்னதியில் விட்டுவைக்காமல் பூசாரி வீட்டுக்குக் கொண்டுபோகவும், விளக்கைத் துடைத்து வைக்கவும், வாழைப்பழத் தோலைக் கோயில் பின்புறம் கொட்டாமல் இருக்கவும் ஊர்ப் பெரியவர்களிடம் பேசிப் பாருங்கள்.