ஃப்ளட்டர் பில்டை ஏஐ ஏஜென்ட்டுக்கு எழுதிக் கொடுப்பது எப்படி? வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் ஃப்ளட்டர் (கூகுளின் செயலி உருவாக்கும் கருவித்தொகுப்பு) செயலிக்கு நல்ல ரீட்மி (திட்டத்தை விளக்கும் அறிமுகக் கோப்பு) இருக்கிறது. பில்ட் செய்ய, அதாவது நிரலை நிறுவக்கூடிய செயலிக் கோப்பாக்க, ஏஐ ஏஜென்ட்டை (கணினியில் தானே கட்டளைகளை ஓட்டி வேலை செய்யும் ஏஐ மென்பொருள்) பயன்படுத்துகிறோம். ஏஜென்ட்டுக்கென்று தனியாக வேறு எழுத வேண்டுமா?

வேண்டும். ரீட்மியைப் படிக்கும் புதியவர் எங்காவது தடுமாறினால் பக்கத்து மேஜையில் கேட்பார். ஏஜென்ட் பெரும்பாலும் கேட்காது, தனக்குத் தோன்றியதைச் செய்துவிட்டு மேலே போய்விடும். நீங்கள் எழுதாமல் விட்ட இடங்களை அது ஊகித்து நிரப்பிக்கொள்ளும். அறிமுகம், வரலாறெல்லாம் அதற்குத் தேவையில்லை. எந்தக் கோப்புறையில் நின்று எந்தக் கட்டளையை ஓட்ட வேண்டும், முடிந்தால் எந்தக் கோப்பு எங்கே வரும், எதைத் தொடக்கூடாது என்று எழுதுங்கள். கோப்பின் பெயர் 'ஏஜென்ட்ஸ் டாட் எம்டி'. கோடெக்ஸ், கர்சர் போன்ற ஏஜென்ட்டுகள் இதைத் தாமே எடுத்துப் படிக்கும். கிளாட் கோட் என்ற ஏஜென்ட் 'கிளாட் டாட் எம்டி'யைத் தேடும், அதில் இந்தக் கோப்பைச் சுட்டி ஒரு வரி போட்டால் சரி.

கேள்வி: செயலியை ஓட்டிப் பார்க்கச் சொன்னால் ஏஜென்ட் அப்படியே உறைந்துவிடுகிறது. ஏன்?

'ஃப்ளட்டர் ரன்' தானாக முடிகிற கட்டளை அல்ல. ஹாட் ரீலோடுக்கு (மாற்றிய நிரலை ஓடும் செயலியிலேயே உடனே காட்ட) ஆர், வெளியேற க்யூ என்று விசைக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். ஏஜென்ட்டும் அதனுடன் சேர்ந்து காத்திருக்கும். "சரிபார்க்க ஃப்ளட்டர் அனலைஸ், ஃப்ளட்டர் டெஸ்ட், பிறகு ஃப்ளட்டர் பில்ட் ஏபிகே டீபக். ஃப்ளட்டர் ரன் வேண்டாம்" என்று எழுதிவிடுங்கள். ஏபிகே என்பது ஆண்ட்ராய்டில் நிறுவும் செயலிக் கோப்பு, டீபக் என்பது சோதனைக்கான வடிவம்.

கேள்வி: பில்ட் வெற்றி என்று ஏஜென்ட் சொன்னது. பிளே கன்சோலில் (பிளே ஸ்டோருக்குச் செயலியை அனுப்பும் தளம்) ஏற்றினால் நிராகரிக்கிறது. எங்கே தப்பு?

உங்கள் ஆவணத்தில் வெற்றி என்றால் என்ன என்று எழுதியிருக்கிறீர்களா? அநேகமாக இருக்காது, நானும் ஆரம்பத்தில் எழுதியதில்லை. புதிய ஃப்ளட்டர் திட்டத்தின் ஆண்ட்ராய்டு பில்ட் கோப்பில், ரிலீஸ் பில்டுக்கும் (வெளியிடுவதற்கான வடிவம்) டீபக் சாவியாலேயே, அதாவது சோதனைக்கான சாவியாலேயே, டிஜிட்டல் கையொப்பம் இடும்படி வைத்திருப்பார்கள். அதை மாற்றாமல் ஆப் பண்டில் (பிளே ஸ்டோரில் ஏற்றும் கோப்பு) பில்ட் செய்தால் ஒரு பிழையும் வராது, கோப்பும் சரியான இடத்தில் வந்து நிற்கும். ஏஜென்ட் பார்த்த வரைக்கும் வேலை முடிந்தது. பிளே ஸ்டோரோ டீபக் கையொப்பத்தை ஏற்காது.

அதனால் கட்டளைக்கு அடுத்த வரியிலேயே சோதனையை எழுதுங்கள். ஜாவாவுடன் வரும் சாவிக் கருவியான கீடூலின் பிரிண்ட்செர்ட் கட்டளையை அந்தப் பண்டில் மேல் ஓட்ட வேண்டும். உரிமையாளர் வரியில் 'ஆண்ட்ராய்டு டீபக்' என்று வந்தால் பில்ட் தோல்வி, அங்கேயே நிற்க வேண்டும். அப்புறம், திட்ட விவரங்கள் உள்ள பப்ஸ்பெக் கோப்பில் பதிப்பு எண்ணின் கூட்டல் குறிக்குப் பின்னால் இருக்கும் எண் ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் கூட வேண்டும். 1.4.0+12 ஏற்றியாகிவிட்டது என்றால் அடுத்தது +13. இதையும் எழுதுங்கள்.

கேள்வி: கீஸ்டோர் (கையொப்பச் சாவி இருக்கும் கோப்பு) கடவுச்சொல்லை எப்படித் தெரிவிப்பது?

தெரிவிக்கவே கூடாது. கடவுச்சொல் உள்ள கோப்பைக் கிட் இக்னோரில் (நிரலின் பதிப்புகளைச் சேமிக்கும் கிட் எதைச் சேர்க்கக்கூடாது என்ற பட்டியல்) போட்டுவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கிட்டுக்குள் போகாதே தவிர, உங்கள் கணினியில் ஓடும் ஏஜென்ட்டால் அதைத் திறந்து படிக்க முடியும். ரிலீஸ் கையொப்பத்தை வேறொரு பில்ட் சர்வருக்குத் தள்ளிவிடுங்கள். "கீஸ்டோர் இல்லையென்றால் புதிதாக உருவாக்காதே, நிறுத்திச் சொல்" என்ற வரி கட்டாயம் வேண்டும். உதவுவதாக நினைத்துப் புதுச் சாவி செய்து கையொப்பம் இட்டால், ஏற்கெனவே வெளியான செயலிக்கு அது பொருந்தாது.

கேள்வி: விண்டோஸில் வேலை செய்கிறேன். ஐஓஎஸ் பகுதியையும் எழுதவா?

"இந்தக் கணினியில் ஐஓஎஸ் பில்ட் முடியாது, முயலாதே." இந்த ஒரு வரி போதும். மேக்கும், ஆப்பிளின் செயலி உருவாக்கும் மென்பொருளான எக்ஸ்கோடும் இல்லாமல் அது நடக்காது.

கேள்வி: தமிழில் எழுதலாமா?

தாராளமாக. கட்டளை, கோப்புப் பெயர், பிழைச் செய்தி ஆகியவை திரையில் வருகிறபடியே ஆங்கிலத்தில் இருக்கட்டும், ஏஜென்ட் அவற்றை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத் தேடும். ஏன் இப்படி என்ற காரணத்தை உங்கள் குழு யோசிக்கும் மொழியில் எழுதுங்கள். தமிழுக்கு டோக்கன் (ஏஐ உரையைத் துண்டுபோட்டு எண்ணும் அலகு) கூடுதலாகச் செலவாகும், இந்தக் கோப்பு ஒவ்வொரு முறையும் படிக்கப்படும், ஆகவே சுருக்கமாக இருக்கட்டும்.

கேள்வி: எழுதியது போதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

திட்டத்தை வேறொரு கோப்புறையில் புதிதாக கிளோன் செய்து (கிட்டிலிருந்து முழு நகல் எடுத்து), புது உரையாடலில் "டீபக் ஏபிகே பில்ட் செய்" என்று மட்டும் சொல்லுங்கள். இடையில் வாய் திறக்காதீர்கள். நான் அப்படிப் பார்த்தபோது, ஆண்ட்ராய்டு பில்ட் கருவியான கிரேடில் தன் கோப்புகளை இறக்கிக்கொண்டிருந்த நேரத்தை ஏஜென்ட் கோளாறு என்று எடுத்துக்கொண்டது. பாதியில் நிறுத்தி, ஃப்ளட்டர் கிளீன் (பழைய பில்ட் கோப்புகளை அழிக்கும் கட்டளை) போட்டு, முதலிலிருந்து தொடங்கியது. அதையே மூன்று முறை செய்தது. "முதல் பில்டுக்குப் பத்து நிமிடம் வரை ஆகலாம், நிறுத்தாதே, கிளீன் போடாதே" என்று சேர்த்துவிட்டு மறுபடி ஓட்டினேன். ஒரே தடவையில் முடித்தது.