கவுண்டர் டெப்த் பிரிட்ஜ் வாங்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான். நியூ ஜெர்சியில் டவுன்ஹவுஸ் ஒன்று வாங்குகிறீர்கள். விற்பவர் அடுப்பையும் டிஷ்வாஷரையும் விட்டுவிட்டு பிரிட்ஜை மட்டும் கையோடு எடுத்துப்போகிறார். கடைக்குப் போனால், 'கவுண்டர் டெப்த்' (சமையல் மேடையின் ஆழத்துக்கே செய்த பிரிட்ஜ்) வாங்குங்கள், கேபினெட்டோடு கேபினெட்டாக ஒட்டி நிற்கும் என்கிறார்கள். ஆனால் அதற்கு விலை கூட, உள்ளே இடமோ குறைவு. வீட்டில் நீங்கள் இருவர், ஒரு குழந்தை. கோடையில் ஊரிலிருந்து அம்மா வருகிறார். எதை வாங்குவது?

நானும் இந்தக் குழப்பத்தில் விழுந்து எழுந்தவன்தான். இந்த ஊருக்கு வந்து பதினாறு வருடத்தில் இரண்டு வீடு, மூன்று பிரிட்ஜ். அதில் ஒன்று சுத்தமான தப்பு.

ஊரில் பிரிட்ஜ் வாங்கும்போது எத்தனை லிட்டர், எத்தனை ஸ்டார் என்றுதான் கேட்போம். ஆழம் எவ்வளவு என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. பிளக் எங்கே இருக்கிறதோ அங்கே நிற்கும். ஹாலில் நின்றாலும் குற்றமில்லை. மேலே ஒரு பூப்போட்ட கவரைப் போட்டு, கரண்ட் பில்லையும் சாவிக்கொத்தையும் வைத்துக்கொள்வோம். இங்கே அப்படி இல்லை. சமையலறை மொத்தமும் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. நடுவில் பிரிட்ஜுக்கென்று ஒரு பொந்து விட்டிருப்பார்கள். அதற்குள் போனால்தான் உண்டு.

சரி, கணக்குக்கு வருவோம். இங்கே கீழ் கேபினெட்டின் ஆழம் 24 இன்ச். அதன்மேல் படுக்கும் கல் ஒன்று, ஒன்றரை இன்ச் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். ஆக, சுவரிலிருந்து கல்லின் விளிம்பு வரை 25 அல்லது 25½ இன்ச். பெரும்பாலான வீடுகளில் இதுதான். இப்போது பிரிட்ஜைப் பாருங்கள். 36 இன்ச் அகலமுள்ள சாதாரண ஆழத்து பிரெஞ்ச் டோர் பிரிட்ஜ் (மேலே இரட்டைக் கதவு, கீழே ஃப்ரீசர்) கைப்பிடியோடு சேர்த்து 34 முதல் 36 இன்ச் ஆழம் வரும். கவுண்டர் டெப்த் என்றால் 30, 31. 'கவுண்டர்' என்று பெயரில் இருந்தும் 25 இல்லையே என்று கேட்கிறீர்களா? அங்கேதான் சூட்சுமம். பெயரில் உள்ள அந்த ஆழம் வெறும் பெட்டிக்குத்தான். பெட்டி 24 இன்ச், கதவு அதற்கு வெளியே, கைப்பிடி அதற்கும் வெளியே. பின்னால் காற்றோட்டத்துக்கும் பிளக்குக்கும் ஒரு இன்ச்சாவது விட வேண்டும். எல்லாம் போக, கல் விளிம்பைத் தாண்டி ஐந்தாறு இன்ச் முன்னால் வந்துதான் நிற்கும். விளம்பரப் படத்தில் ஒட்டி நிற்பதாகத் தெரிவது, நேர் எதிரே நின்று படம் எடுத்ததால். நிஜமாகவே கேபினெட்டோடு சமமாக நிற்பது 'பில்ட் இன்' என்கிற வேறு ஜாதி, சப்-ஜீரோ கம்பெனி பிரிட்ஜ் மாதிரி. அதன் விலையைக் கேட்டால் நம் பசி போய்விடும்.

ஆகவே கடைக்காரர் சொல்லும் ஒற்றை எண்ணை நம்பாதீர்கள். ஒவ்வொரு மாடலுக்கும் அளவுத்தாள் ஒன்று இருக்கும். அதில் ஆழம் என்று ஒன்றல்ல, நாலு எண் இருக்கும்: கைப்பிடியோடு, கைப்பிடி இல்லாமல், கதவே இல்லாமல், கடைசியாகக் கதவை 90 டிகிரி திறந்த நிலையில். நான் முதல் தடவை மூன்றாவது எண்ணைப் பார்த்துவிட்டு அதுதான் ஆழம் என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். உண்மையில் பார்க்க வேண்டியது முதலாவதும் கடைசியும்.

என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். முதல் வீட்டில் பிரிட்ஜுக்கு நேர் எதிரே ஐலண்ட், அதாவது சமையலறை நடுவில் தனியாக நிற்கும் மேடை. அந்த ஐலண்டில் டிஷ்வாஷர். இந்தப் பக்கக் கல்லுக்கும் அந்தப் பக்கக் கல்லுக்கும் நடுவே 42 இன்ச். தாராளம் என்று நினைத்து, நிறைய இடம் இருக்கட்டும் என்று சாதாரண ஆழத்தையே வாங்கினேன். கைப்பிடியோடு 35, பின்னால் ஒன்று, மொத்தம் 36. கல்லைத் தாண்டிப் பத்தரை இன்ச் வெளியே நின்றது. மிச்சமிருந்த பாதை 31½. ஆள் நடக்கலாம், ஒன்றும் குறையில்லை. டிஷ்வாஷர் கதவை இறக்கினால்தான் தெரிந்தது. அது இரண்டடி நீளும். மீதி ஏழரை இன்ச். அதில் பாதம் வைக்கலாம், ஆள் நிற்க முடியாது. அந்த வருடம் என் அம்மா வந்திருந்தார். இரவு பாத்திரம் அடுக்கும்போது அவர் ஒருபக்கம், நான் ஒருபக்கம், நடுவில் திறந்த டிஷ்வாஷர். பாலை உள்ளே வைக்க வேண்டுமானால் டிஷ்வாஷரை மூடி, பிரிட்ஜைத் திறந்து, மறுபடி டிஷ்வாஷரைத் திறந்து... "ரயில்வே கேட்ல நிக்கிற மாதிரி இருக்குடா" என்றார். ஐந்து வருடம் அந்த கேட்டில் நின்றோம்.

கவுண்டர் டெப்த் வாங்கியிருந்தால் பாதை 36 இன்ச் மிஞ்சியிருக்கும். நாலரை இன்ச்சில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். இடுப்பைத் திருப்பி ஒதுங்க அந்த நாலரை இன்ச்தான் வேண்டும். இங்குள்ள நேஷனல் கிச்சன் அண்ட் பாத் அசோசியேஷன், ஒருவர் சமைக்கும் இடத்தில் பாதை 42 இன்ச்சாவது இருக்க வேண்டும், இருவர் என்றால் 48 என்று வைத்திருக்கிறது. அம்மா வந்து சேர்ந்தால் உங்கள் வீட்டில் இருவர் கணக்கு. ஒரு நாளில்லாவிட்டால் ஒரு நாள் மூவர்.

இதனால் எல்லோரும் கவுண்டர் டெப்த்தான் வாங்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. எதிரே ஐலண்டும் இல்லை, சுவரும் தள்ளி இருக்கிறது என்றால் கூடுதல் காசு கொடுத்துக் குறைந்த இடத்தை வாங்குவானேன்? ஒரே 36 இன்ச் அகலத்தில் சாதாரண ஆழம் 25 முதல் 28 கன அடி வரை தரும். கவுண்டர் டெப்த் 20 முதல் 23 வரை. வித்தியாசம் ஐந்து கன அடி என்று வைத்தால் ஏறக்குறைய 140 லிட்டர். ஊரில் 190 லிட்டர் ஒற்றைக்கதவு பிரிட்ஜ் ஒன்றில் முக்கால் பங்கு அது. அந்த அளவு பிரிட்ஜில் முழுக் குடும்பமே ஓடியது நமக்கு.

அந்த 140 லிட்டர் எங்கே உறைக்கும் தெரியுமா? மாவுப் பாத்திரத்தில். என் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அரைத்தால் வாரம் முழுக்க ஓட வேண்டும். இரண்டு எவர்சில்வர் தூக்கு, ஒவ்வொன்றும் ஒன்பது இன்ச் விட்டம். பழைய ஆழ பிரிட்ஜின் தட்டில் ஒன்றின்பின் ஒன்றாக இரண்டும் போகும். இப்போதிருக்கும் கவுண்டர் டெப்த்தில் தட்டின் உள்ளாழம் 15 இன்ச்தான், டேப் வைத்து அளந்தேன். ஆகவே இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார முடியும். ஒரு தட்டின் பாதி போயிற்று. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஆழமான பிரிட்ஜில் பின்வரிசைக்குப் போனது திரும்பி வராது. ஒருமுறை சுத்தம் செய்தபோது முந்தைய வருடத்துப் புளிக்காய்ச்சல் கிடைத்தது. இப்போது திறந்தால் எல்லாம் கண்ணில் படுகிறது, வீணாவது குறைந்திருக்கிறது. இது என் மனைவியின் கட்சி. எனக்கு இன்னும் அந்தப் பின்வரிசை மேல் ஒரு ஏக்கம் உண்டு.

பிறந்தநாள், கொலு என்று வந்தால் பெரிய அலுமினிய டிரே உள்ளே போகுமா என்ற கவலை வரும். அதற்கு ஆழம் முக்கியமே இல்லை. முழு அளவு டிரே கிட்டத்தட்ட 21 இன்ச் நீளம், 13 இன்ச் அகலம். பிரெஞ்ச் டோரில் இரு கதவையும் திறந்து குறுக்குவாட்டில் வைத்துவிடலாம். 15 இன்ச் தட்டிலும் உட்காரும். மாட்டிக்கொள்வது ஒருபக்கம் ஃப்ரீசரும் மறுபக்கம் பிரிட்ஜுமாக நிற்கும் சைட்-பை-சைட் வாங்கியவர்கள்தான். நடுவில் சுவர் இருப்பதால் டிரே எப்படித் திருப்பினாலும் போகாது. பிரியாணியைச் சின்ன டப்பாக்களில் பிரித்துப் போட வேண்டியதுதான். பிரெஞ்ச் டோரில் இன்னொரு லாபம், கதவு இரண்டாகப் பிரிந்திருப்பதால் ஒவ்வொன்றும் 18 இன்ச்தான் வீசும். ஒரே கதவு என்றால் 30, 33 இன்ச்சும் பாதைக்குள் வந்து நிற்கும்.

அடுத்தது கீல். இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. பொந்துக்கு ஒருபக்கம் சுவர் இருந்தால் கவனம். கதவு 90 டிகிரி திறந்தால் போதாது. உள்ளே இருக்கும் காய்கறி டிராயர் முழுதாக வெளியே வர இன்னும் கொஞ்சம் திறக்க வேண்டும். கதவு கேபினெட்டைத் தாண்டி முன்னால் நிற்பதே இதற்காகத்தான். உள்ளே தள்ளிவிட்டால் பக்கத்துப் பலகையில் இடிக்கும். என் நண்பர் வீட்டில் வலப்பக்கம் பேன்ட்ரி, அதாவது மளிகைச் சாமான் அறையின் சுவர், பிரிட்ஜைவிட நீண்டு நிற்கிறது. கதவு நேராக நின்றுவிடும், டிராயர் பாதியில் நின்றுவிடும். கொத்தமல்லிக் கட்டை டிராயருக்குள் கைவிட்டு, கன்றுக்குட்டியை இழுப்பது மாதிரி இழுத்து எடுப்பார். சுவர்ப்பக்கம் இரண்டு மூன்று இன்ச் இடைவெளி விட்டு அதை ஒரு பலகைத்துண்டால் மறைத்திருந்தால் தீர்ந்திருக்கும். ஆனால் அகலத்தை முழுசாக அடைத்து வாங்கிவிட்டார்.

உயரம், அகலம் பற்றிச் சுருக்கமாக. பொந்தை மேல், நடு, கீழ் மூன்று இடத்தில் அளந்து, குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வீடென்றால் தரையைப் பாருங்கள்: பின்னாளில் ஓடு பதித்திருந்தால் பொந்துக்கு முன்னால் தரை உயர்ந்திருக்கும், உள்ளே பழைய தரையே இருக்கும்; பிரிட்ஜைச் சாய்த்து உள்ளே தள்ள முடியாது. மேலே ஒரு இன்ச் காற்றுக்கு விட வேண்டும். பிறகு வாசல் கதவிலிருந்து சமையலறை வரை வரும் வழி. டவுன்ஹவுஸில் பல இடங்களில் சமையலறை மாடியில் இருக்கும். படித் திருப்பத்தை அளக்காமல் வாங்கி, வாசலிலேயே திருப்பி அனுப்பியவர்கள் உண்டு.

இடம் போதாவிட்டால் கராஜில் இன்னொன்று வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொல்வார்கள். நம்மவர்கள் வீட்டில் பாதிப் பேர் வைத்திருக்கிறார்கள். ஆனால் சூடேற்றாத கராஜ் ஜனவரியில் ஏறக்குறைய வெளியே இருக்கும் குளிருக்கே வந்துவிடும். சாதாரண பிரிட்ஜின் தெர்மோஸ்டாட் பெரும்பாலும் ஃப்ரீசர் அல்லாத அறையின் குளிரைத்தான் பார்க்கும். வெளியே ஏற்கெனவே குளிர்ந்திருந்தால், வேலை முடிந்தது என்று கம்ப்ரஸர் சும்மா இருக்கும். ஃப்ரீசர் மெதுவாக இளகும். வெளியே பனி, உள்ளே வஞ்சிரம் கரைகிறது. இந்தக் கூத்தை நேரில் பார்த்திருக்கிறேன், வாசனையோடு. கராஜில்தான் வைக்க வேண்டுமென்றால் கராஜுக்கென்றே தயாரித்ததை வாங்குங்கள். பேஸ்மென்ட் இருந்தால் அங்கே ஒரு சின்னப் பெட்டி ஃப்ரீசர் போட்டுவிடுங்கள், தொல்லையில்லை. நான் இப்போது செய்திருப்பது அதுதான்: மேலே கவுண்டர் டெப்த், கீழே ஏழு கன அடி ஃப்ரீசர். தேங்காய்த் துருவல், மீன், உறைந்த பரோட்டா எல்லாம் கீழே குடிபோய்விட்டன.

ஆழமான பிரிட்ஜ்தான் வேண்டும், ஆனால் துருத்திக்கொண்டு நிற்பது கண்ணை உறுத்துகிறது என்றால் ஒரு வழி உண்டு. பொந்தின் இருபுறமும் இருக்கும் பக்கப்பலகையை 24 இன்ச்சிலிருந்து 28, 29 இன்ச்சாக நீட்டி, மேல் கேபினெட்டையும் முன்னால் இழுத்துவிட்டால், பிரிட்ஜ் உள்ளேயே பிறந்தது மாதிரி இருக்கும். பாதை ஒன்றும் அகலமாகிவிடாது, கண்ணுக்கு மட்டும் திருப்தி. வேறு சிலர் பின்சுவரை வெட்டி மூன்று இன்ச் உள்ளே தள்ளுவார்கள். அந்தச் சுவர் என்னத்தைத் தாங்குகிறது என்று தெரியாமல் அதில் கை வைக்காதீர்கள்.

உங்கள் வீட்டுக்கு என் யோசனை இது. பிரிட்ஜுக்கு எதிரே கல்லோ சுவரோ 48 இன்ச்சுக்குள் இருந்தால் கவுண்டர் டெப்த்; அதைவிட அகலமாக இருந்தால் சாதாரண ஆழத்தை வாங்கி மிச்சக் காசில் அம்மாவுக்கு நல்ல வெட் கிரைண்டர் வாங்குங்கள். சந்தேகமாக இருந்தால் தரையில் நீல பெயின்டர் டேப்பை ஒட்டி, கைப்பிடி வரும் கோட்டையும் கதவு திறந்தால் வரும் கோட்டையும் வரைந்துகொள்ளுங்கள். டிஷ்வாஷரைத் திறந்து வைத்து, கையில் ஒரு பாத்திரத்தோடு நடந்து பாருங்கள். இரண்டாவது வீட்டில் நான் அப்படித்தான் செய்தேன். என் அம்மாவையே நடக்கவிட்டேன். முன்னும் பின்னும் இரண்டு தடவை போய்விட்டு, "இது பரவால்ல" என்றார். அதன் பிறகுதான் கடைக்குப் போனேன். அவசரமில்லை என்றால் மே மாதக் கடைசியில் வரும் மெமோரியல் டே, ஜூலை 4, செப்டம்பர் தொடக்கத்தில் வரும் லேபர் டே, இந்த மூன்றில் ஒன்றுக்குக் காத்திருங்கள். பெரிய சாமான்களின் விலையை அப்போது இறக்குவார்கள்.

குளோசிங்குக்கு, அதாவது வீடு உங்கள் பேருக்கு மாறும் நாளுக்கு முன்னால் வீட்டைச் சுற்றிப் பார்க்க ஒருமுறை விடுவார்களே, அன்றைக்கு டேப்போடு போங்கள். பழைய பிரிட்ஜ் அங்கே இருந்தால் இன்னும் நல்லது. கதவையும் டிராயரையும் திறந்து, எங்கே இடிக்கிறது என்று பாருங்கள். அதற்கு ஐஸ் மேக்கர் இருந்தால் பின்னால் கால் இன்ச் தண்ணீர்க் குழாய் ஒன்று வரும். எடுத்துப்போகும்போது வால்வை இறுக்க மூடி, முனையில் ஒரு மூடி போட்டுவிட்டுப் போகச் சொல்லி உங்கள் ஏஜென்ட் மூலம் இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் ஒருவர் புது வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது, சமையலறை மரத்தரை மேளத்தோல் மாதிரி உப்பியிருந்தது.