ஹாரி பாட்டர் முடித்த 13 வயது மகளுக்கு அடுத்து எந்த மாய சாகச நாவலைக் கொடுக்கலாம்?

உங்கள் கேள்வியில் என்னை நிறுத்தியது கடைசி வரிதான். மகள் ஹாரி பாட்டர் ஏழு பாகங்களையும் திரும்பத் திரும்பப் படித்துவிட்டாள். அதே மாதிரி வேண்டும் என்று கேட்டதால் புதிதாக ஒரு மந்திரத் தொடர் வாங்கிக் கொடுத்தீர்கள். பாதியில் மூடி வைத்துவிட்டாள். ஏன் என்று கேட்டால் "சும்மா, பிடிக்கல" என்கிறாள்.

அந்தச் "சும்மா"வுக்குள் ஒரு காரணம் இருக்கிறது. வார இறுதிகளில் எங்கள் பகுதி நூலகத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கும் வழக்கம் எனக்கு உண்டு. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் அவர்களுக்கு ஒன்று சட்டென்று பிடிபட ஆரம்பிக்கிறது: இந்தக் கதையில் மந்திரம் இலவசமா, இல்லையா? கோலை ஆட்டினால் எதிரி விழுகிறான், அடுத்த அத்தியாயத்தில் இன்னும் பெரிய எதிரி, இன்னும் பெரிய கோல் என்று போனால், எட்டு வயதில் அதை ரசித்தவர்களுக்கே இப்போது அலுத்துவிடுகிறது. மந்திரத்தைத் தொட்டவர் பதிலுக்கு எதையாவது இழக்க வேண்டும் என்றால் மட்டும் புத்தகத்தைக் கீழே வைக்க மனம் வருவதில்லை. ஹாரியிடம் உங்கள் மகளைக் கட்டிப்போட்டதும் அதுவாகத்தான் இருக்கும். அவன் உயிரோடு இருப்பதே அவன் அம்மா கொடுத்த விலையால்தானே! அதனால் அட்டையில் போட்ட வயதையும் விற்பனைப் பட்டியலையும் விட்டுவிட்டு, விலை கேட்கிற மந்திரம் உள்ள நாவல்களாகச் சொல்கிறேன்.

ஒன்றே ஒன்றுதான் வாங்கப் போகிறீர்கள் என்றால், அர்சுலா கே. லெ குவின் எழுதி 1968-ல் வந்த 'எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ'.

கடலும் தீவுகளுமான ஓர் உலகம். கோன்ட் என்ற மலைத்தீவில் கெட் என்ற தாயில்லாப் பையன் ஆடு மேய்க்கிறான். அம்மாவுடன் பிறந்தவள் ஊருக்கு மந்திரம் செய்கிறவள். அவள் ஆட்டைப் பார்த்துச் சொன்ன வார்த்தைகளைக் கேட்டு வைத்துக்கொண்டு, மறுநாள் மலையில் அவனும் சொல்லிப் பார்க்கிறான். மந்தை முழுக்க வந்து அவனை நெருக்கிக்கொண்டு நிற்கிறது. நகர்ந்தால் கூடவே நகர்கிறது. கூப்பிடத் தெரிந்தவனுக்குத் திருப்பி அனுப்பத் தெரியவில்லை. நாவலின் மொத்தக் கதையும் இந்த ஆரம்பப் பக்கங்களிலேயே இருக்கிறது.

பெரியவனாகி ரோக் என்ற தீவில் உள்ள மந்திரப் பள்ளிக்குப் போகிறான். ஹாக்வர்ட்ஸுக்கு 29 வருடம் முந்தைய பள்ளி இது. உங்கள் மகளுக்கு அந்த இடம் உடனே பிடித்துவிடும். அங்கே சீண்டிக்கொண்டே இருக்கிற ஒரு மாணவன் முன்னால், தன் திறமையைக் காட்டுவதற்காக, இறந்துபோன ஒரு பெண்ணின் ஆவியை அழைக்கிறான் கெட். அவளோடு சேர்ந்து பெயரில்லாத ஒரு நிழலும் வெளியே வந்து அவன் முகத்தைக் கிழித்துவிடுகிறது. திறந்த வாசலை மூட, பள்ளியின் தலைமை மந்திரவாதி தன் உயிரையே செலவழித்துவிடுகிறார். மீதிப் பாதி முழுக்க அந்த நிழலிடமிருந்து ஓடுவதும், பிறகு திரும்பி நின்று அதையே துரத்துவதும்தான். எதிரி ராஜா இல்லை, பெரும் போர் இல்லை. வகுப்பில் நாலு பேர் பார்க்க "உன்னால முடியுமா?" என்று ஒருவன் கேட்டதற்கு ஒரு பையன் செய்த காரியம், அதன் பின்விளைவு. எட்டாம் வகுப்பு பிள்ளைக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்த நாவலில் ஒவ்வொருவருக்கும் ஓர் உண்மைப் பெயர் உண்டு. அது தெரிந்தவருக்கு அவர்மேல் ஆளுமை வந்துவிடும் என்பதால் யாரும் வெளியே சொல்வதில்லை. அந்தத் தவறுக்குப் பிறகு, காயமும் அவமானமுமாகக் கிடக்கும் கெட்டிடம் அவன் நண்பன் வெட்ச் விடைபெற வருகிறான். போகும் முன் தன் உண்மைப் பெயரை அவனிடம் சொல்லிவிட்டுப் போகிறான். ஒரு சொல்தான். நட்பைப் பற்றி இளையோருக்காக எழுதப்பட்டதில் இதைவிட நல்ல காட்சி எனக்குத் தெரியாது. எங்கள் நூலகத்துப் பிள்ளைகள் இந்த இடத்தில் கதையை நிறுத்தச் சொல்லி, யார் யாரிடம் தங்கள் பெயரைச் சொல்வோம் என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

இன்னொன்றையும் மகளிடம் சொல்லிவிடுங்கள். கெட் செம்பழுப்பு நிறத்தவன், வெட்ச் கறுப்பு. லெ குவின் யோசித்து எடுத்த முடிவு அது. பல ஆண்டுகள் அட்டைப்படக்காரர்கள் அவனை வெள்ளையாக்கியே வரைந்தார்கள். 2004-ல் வந்த தொலைக்காட்சித் தொடரும் அதையே செய்தபோது அவர் வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். மந்திரவாதி என்றாலே வெள்ளைத் தாடி கிழவர் என்று பழகிய கண்ணுக்கு இது முக்கியம்.

நடை கொஞ்சம் பழங்கதை சொல்கிற மாதிரி இருக்கும், உரையாடல் குறைவு. முதல் அத்தியாயத்தை மட்டும் நீங்கள் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள், பிறகு அவளே ஓடிவிடுவாள். முடித்ததும் சூடு ஆறும் முன் இரண்டாவது நாவலான 'தி டூம்ப்ஸ் ஆஃப் அடுவான்' (1971) கொடுத்துவிடுங்கள். ஐந்து வயதில் வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுவரப்பட்டு, இருட்டுத் தெய்வங்களின் பூசாரியாக வளர்க்கப்படும் டெனார் என்ற பெண்ணின் கதை. பெயரைக்கூடப் பிடுங்கிக்கொள்கிறார்கள். கெட் இதில் வெகுநேரம் கழித்துத்தான் தலைகாட்டுகிறான். பதின்மூன்று வயதுப் பெண்களுக்கு முதல் நாவலைவிட இதுதான் நெருக்கமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவதையும் தொடரலாம். 1990-ல் வந்த நான்காவதான 'டெஹானு' பெரியவர்களின் வலியைப் பற்றியது, அது காத்திருக்கட்டும்.

அடுத்து மிகாயேல் எண்டே ஜெர்மன் மொழியில் எழுதி 1979-ல் வந்த 'தி நெவர்எண்டிங் ஸ்டோரி'. அம்மாவை இழந்த, பள்ளியில் கேலிக்கு ஆளாகும் பாஸ்டியன் ஒரு புத்தகத்தைத் திருடிக்கொண்டு பள்ளியின் மேல்மாடத்தில் ஒளிந்து படிக்கிறான்; படிக்கப் படிக்கக் கதைக்குள் போய்விடுகிறான். இதன் திரைப்படத்தை (1984) பார்த்தவர்கள் கதை தெரியும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். படம் நாவலின் முதல் பாதியோடு நின்றுவிட்டது. எண்டேவுக்கே அந்தப் படம் பிடிக்கவில்லை. உண்மையான நாவல் இரண்டாம் பாதியில்தான் இருக்கிறது. பாஸ்டியன் ஆசைப்படுவதெல்லாம் அங்கே நடக்கும்: அழகு, வீரம், எல்லாம். ஆனால் ஒவ்வோர் ஆசைக்கும் அவனுடைய பழைய நினைவு ஒன்று காணாமல் போகும். எது போனது என்றுகூட அவனுக்குத் தெரியாது, படிக்கிறவருக்குத்தான் தெரியும். அந்தப் பதைப்பு பெரியவர்களையும் விடாது. வாங்கும்போது இரண்டு வண்ண மையில் அச்சிட்ட பதிப்பு கிடைக்கிறதா என்று பாருங்கள். நம் உலகம் ஒரு வண்ணத்தில், கதை உலகம் இன்னொரு வண்ணத்தில் வரும். அத்தியாயங்கள் 26, ஏ முதல் இஸட் வரை ஒவ்வொன்றும் ஓர் எழுத்தில் தொடங்கும். பிள்ளைகள் இதைத் தாங்களே கண்டுபிடிக்க விட்டுவிடுங்கள்.

ஐரோப்பாவைத் தாண்டி ஒன்று. ஜப்பானின் நஹோகோ உஎஹாஷி 1996-ல் எழுதிய 'மோரிபிட்டோ: கார்டியன் ஆஃப் தி ஸ்பிரிட்'. ஆங்கிலத்தில் 2008-ல் வந்தது. கதாநாயகி பல்சாவுக்கு முப்பது வயது, கையில் ஈட்டி, தொழில் காவல் காப்பது. இளையோர் நாவலில் முப்பது வயதுப் பெண் நாயகியா என்று தயங்கவே வேண்டாம், பிள்ளைகள் அவளை அப்படி நேசிக்கிறார்கள். ஆற்றில் விழுந்த சின்ன இளவரசன் சாகமைக் காப்பாற்றுகிறாள். அவன் உடலில் ஒரு நீர் ஆவியின் முட்டை வளர்கிறது. அதனால் பெற்ற அப்பாவே அவனைக் கொல்ல ஆள் அனுப்புகிறார். பல்சா சிறுமியாக இருந்தபோது அவளைக் காப்பாற்றியவர் அதற்காகத் தன் நண்பர்கள் எட்டுப் பேரைக் கொல்ல வேண்டிவந்தது. அந்தக் கடனுக்கு எட்டு உயிர்களைக் காப்பேன் என்பது அவள் சபதம். உஎஹாஷி மானிடவியல் அறிஞர், ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களிடையே ஆய்வு செய்தவர். அது நாவலில் நன்றாகத் தெரிகிறது. அரசு எழுதி வைத்த வரலாறு ஒன்று சொல்ல, மலைமக்களின் பாட்டும் சடங்கும் வேறொன்றை நினைவில் வைத்திருக்கும். உயிர் பிழைக்கும் வழி அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும். 2014-ல் இவருக்கு ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது கிடைத்தது.

டோல்கீனின் 'தி ஹாபிட்' (1937) பற்றி எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். பதிப்பாளர் அன்வின் அந்தக் கைப்பிரதியைத் தன் பத்து வயது மகன் ரேய்னரிடம் கொடுத்து, ஒரு ஷில்லிங் கூலிக்கு அறிக்கை எழுதச் சொன்னார். பையன் நல்லபடியாக எழுதியதால் புத்தகம் வந்தது. ஐந்தாவது அத்தியாயத்தின் விடுகதைப் போட்டியைக் குடும்பத்தோடு உட்கார்ந்து சத்தமாகப் படியுங்கள், விடையைச் சொல்லாமல் நிறுத்தி நிறுத்தி. நாம் பாட்டியிடம் விடுகதை கேட்டு வளர்ந்தவர்கள் ஆயிற்றே! இதை முடித்த கையோடு 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்று தொகுதிகளையும் மேலே வைத்துவிடாதீர்கள். ஆர்வமாக வந்த எத்தனையோ பிள்ளைகள் அந்தப் பாரத்தில் படிப்பதையே தள்ளிப் போட்டுவிடுகிறார்கள்.

சிரிப்பும் வேண்டும் என்றால் டயானா வின் ஜோன்ஸின் 'ஹவ்ல்ஸ் மூவிங் காசில்' (1986). தொப்பிக் கடைப் பெண் சோஃபி ஒரு சாபத்தில் கிழவியாகிவிடுகிறாள். கிழவியானதும்தான் வாயைத் திறந்து நினைத்ததைப் பேசுகிறாள். ஜப்பானிய இயக்குநர் மியாசாகி இதை வைத்து எடுத்த படத்தைப் பார்த்திருந்தாலும் நாவல் வேறு மாதிரி போகும். நீளமான தொடரே வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் லாயிட் அலெக்சாண்டரின் பிரிடெய்ன் கதைகள், ஐந்து நாவல்கள், 'தி புக் ஆஃப் த்ரீ'யில் (1964) தொடங்குவது. பன்றி மேய்க்க உதவும் பையன் வீரனாக ஆசைப்படுகிறான். ஒவ்வொரு பாகத்திலும் வீரம் என்றால் என்ன என்று அவன் நினைத்தது மாறிக்கொண்டே வரும். முதல் பாகம் சுமார்தான், அதற்குள் முடிவு கட்டிவிட வேண்டாம்.

தம்பி தங்கை யாராவது இருந்து, புத்தகம் என்றாலே ஓடுகிறவர்களாக இருந்தால் ரிக் ரியார்டனின் பெர்சி ஜாக்சன் அல்லது ரோஷனி சோக்ஷியின் 'அரு ஷா அண்ட் தி எண்ட் ஆஃப் டைம்' (2018). இரண்டும் வேகமானவை. அரு ஷாவில் பாண்டவர்கள் இந்தக் காலத்தில் பெண் பிள்ளைகளாகப் பிறந்திருக்கிறார்கள். பள்ளித் தோழர்கள் சவால் விட்டதால் ஏற்றக்கூடாத ஒரு விளக்கை ஏற்றுவதில்தான் அதுவும் தொடங்குகிறது. மகாபாரதம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அது தனி குஷி.

இரண்டை மட்டும் கொஞ்சம் தள்ளி வைப்பேன். பிலிப் புல்மனின் 'நார்தர்ன் லைட்ஸ்' (1995) அற்புதமான நாவல். அதில் மனிதரின் ஆன்மா ஒரு விலங்காக வெளியே கூடவே வரும். சிறுவர்களுக்கு அது உருவம் மாறிக்கொண்டே இருக்கும், வளர்ந்ததும் ஒரே உருவில் நிலைத்துவிடும். வளரும் வயதை இவ்வளவு அழகாக யாரும் கதையாக்கியதில்லை. ஆனால் குழந்தைகளுக்கு நடக்கும் கொடுமை அதில் நேராகவே வரும், இது தொடங்கி வைக்கும் மூன்று நாவல் தொடரின் கடைசி நாவலில் சமய விவாதம் கனமாகும். நீங்களும் கூடவே படிப்பீர்கள் என்றால் இப்போதே கொடுக்கலாம், இல்லையென்றால் 14, 15 ஆகட்டும். கார்த் நிக்ஸின் 'சாப்ரியல்' (1995) நாவலும் அப்படித்தான்: ஏழு மணிகளைக் கொண்டு இறந்தவர்களை அடக்கும் பெண். இரவில் தனியாகப் படுக்கப் பயப்படுகிற பிள்ளைக்கு வேண்டாம்.

தமிழில் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். இந்த வயதுக்கான நீண்ட மாய நாவல்கள் தமிழில் இன்னும் நிறைய வர வேண்டும். இது எனக்கு நிஜமான ஆதங்கம். ஆனால் விலை கேட்கிற மந்திரம் நமக்குப் புதிதில்லை. விக்கிரமாதித்தன் வேதாளம் கதையின் முடிச்சே அதுதான்: விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும், சொன்னால் வேதாளம் பறந்துவிடும். 1947-ல் தொடங்கிய அம்புலிமாமாவின் பழைய இதழ்கள் யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் கேட்டு வாங்குங்கள். 'பொன்னியின் செல்வன்' இந்த வகை இல்லை, மந்திரம் கிடையாது. இருந்தாலும் சாகசத்துக்காகவே வந்தியத்தேவனை 13 வயதில் சந்திப்பது நல்லது. முதல் பாகத்தை மட்டும் கொடுத்துப் பாருங்கள்.

எல்லாவற்றையும் ஒரேயடியாக வாங்கி அடுக்க வேண்டாம். எர்த்ஸீயும் மோரிபிட்டோவும் இரண்டு மட்டும் எடுத்து அவள் கண்ணில் படும் இடத்தில் வைத்துவிட்டு, படித்தாயா என்று கேட்காமல் இருங்கள். ஐம்பது பக்கத்தில் பிடிக்கவில்லை என்றால் தாராளமாக மூடிவிடலாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். எதை எடுத்தாள், எந்த இடத்தில் நிறுத்தினாள் என்று கருத்தில் எழுதினால், அடுத்தது எது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.