முதலில் வாயைத் திறங்கள்!

தோல் மருத்துவர் பதில்கள்

கேள்வி: எனக்கு வயது 54. வரும் தை மாதம் மகளுக்குக் கல்யாணம். இரண்டு வருடமாகக் கன்னம் இரண்டும் ஒட்டிக்கொண்டே போகிறது. மூக்கோரத்திலிருந்து வாயோரம் வரை கோடு விழுந்துவிட்டது. 'ஃபில்லர் ஊசி போட்டால் அரை மணி நேரத்தில் கன்னம் பூரித்துவிடும்' என்கிறார் எங்கள் ஊர் பியூட்டி பார்லர் பெண். கிளினிக்கில் சொல்லும் விலையில் பாதிக்கு, வீட்டுக்கே வந்து போட்டுவிடுவாராம். நாங்கள் சைவம். அந்த மருந்தில் மாட்டுக் கொழுப்பு ஏதும் இருக்குமா? என் வீட்டுக்காரரோ, 'இந்த வயசுல உனக்கு எதுக்கு இதெல்லாம்?' என்கிறார். போட்டுக்கொள்ளலாமா, டாக்டர்?
– வாசகி, திருமங்கலம்

பதில்: வீட்டுக்காரர் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். அதே கல்யாணத்துக்கு அவர் மீசைக்கு டை அடிப்பாரா, மாட்டாரா? அடிப்பார் என்றால் இந்த விஷயத்தில் அவருக்குப் பேச்சே இல்லை.

இனி நான் கேட்கிறேன். உங்களுக்குக் கடைவாய்ப் பற்கள் எத்தனை மிச்சம் இருக்கின்றன? ஃபில்லர் கேட்டு வருகிறவர்களை நான் முதலில் வாயைத் திறக்கத்தான் சொல்வேன். 'நீங்க தோல் டாக்டர்தானே?' என்று முழிப்பார்கள். நம் பக்கத்தில் பல் வலித்தால் பிடுங்கிப் போட்டுவிட்டு வந்துவிடுகிறோம். முன்பல் என்றால் மறுவாரமே கட்டிக்கொள்வோம். கடைவாய்ப் பல் போனால், யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிடுவோம். ஆனால் பல் போன இடத்தில் தாடை எலும்பும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். உள்ளே முட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லாமல் கன்னம் குழி விழும். அதற்கு வேண்டியது பல்செட்டோ இம்பிளான்ட்டோதான். ஃபில்லரை எவ்வளவு ஏற்றினாலும் அந்தக் குழி முழுசாகச் சரியாகாது.

அடுத்தது சர்க்கரை. 'இரண்டு வருடமாக ஒட்டிக்கொண்டே போகிறது' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் எனக்கு உறுத்துகிறது. எடை குறைந்திருக்கிறதா? ரவிக்கை தொளதொளக்கிறதா? அப்படியானால் ஊசிக்கு முன்னால் மூன்று மாத சர்க்கரை சராசரியையும் தைராய்டையும் பார்த்துவிடுங்கள். கட்டுக்கு அடங்காத சர்க்கரையோடு முகத்தில் ஊசி குத்தினால் கிருமி தொற்றும் ஆபத்தும் கூடுதல்.

பல்லும் ரத்தமும் சரியாக இருந்தால், இது வயதால் வருவது. முகத்துக்கு அடியில் இருக்கும் கொழுப்பு வற்றிக் கீழே இறங்குகிறது, எலும்பும் சுருங்குகிறது, தோலுக்குப் பிடிமானம் குறைகிறது. ஃபில்லர் செய்வது அந்த இடத்தை நிரப்புவது மட்டும்தான். போடாக்ஸ் வேறு, அது நெற்றியைச் சுருக்கும் தசையைத் தளர்த்துகிற மருந்து, மூன்று நான்கு மாதம் நிற்கும். உங்களுக்குச் சொல்லப்படுவது பெரும்பாலும் ஹயலூரானிக் ஆசிட் ஜெல்லாக இருக்கும். நம் தோலிலும் மூட்டிலும் இயற்கையாகவே இருக்கும் பொருள், தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கார்ல் மேயரும் ஜான் பாமரும் 1934-ல் மாட்டின் கண்ணிலிருந்து முதன்முதலாகப் பிரித்தெடுத்தார்கள்.

அதைப் படித்ததும் பயந்துவிடாதீர்கள். ஒரு காலத்தில் மாட்டுத் தோலிலிருந்து எடுத்த கொலாஜனை ஃபில்லராகப் போட்டது உண்மை. சேவல் கொண்டையிலிருந்துகூட ஹயலூரானிக் ஆசிட் எடுத்தார்கள். இப்போது பெரும்பாலும் பாக்டீரியாவை வளர்த்து, தயிர் புளிக்கிற மாதிரி நொதிக்க வைத்துத்தான் எடுக்கிறார்கள். பெட்டியில் 'விலங்கு சாராதது' என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கிறதா என்று மகளை விட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.

சரி, பார்லர் பெண். வேண்டாம். அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை, புருவம் திருத்த அவரிடமே போங்கள். ஆனால் நீங்கள் சொல்லும் மூக்கோரக் கோடு இருக்கிறதே, முகத்துக்குப் போகும் முக்கிய ரத்தக்குழாய் அதை ஒட்டித்தான் ஓடுகிறது. ஊசி முனை தவறி ஜெல் அந்தக் குழாய்க்குள் போனால் அடைத்துக்கொள்ளும். போட்ட இடம் வெளுக்கும், அல்லது வலை விரித்தாற்போல நீலம் பாரிக்கும், வலி கடுமையாக இருக்கும். கவனிக்காமல் விட்டால் தோல் கருகி அழுகும். அந்தக் குழாய்களுக்குக் கண்ணோடும் தொடர்பு உண்டு. பார்வை போனவர்கள் இருக்கிறார்கள். அபூர்வம்தான், ஆனால் நடந்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் ஹயலூரோனிடேஸ் என்ற மாற்று ஊசியைப் போட்டு ஜெல்லைக் கரைக்க வேண்டும். பார்வை மங்கினாலோ சில மணி நேரம்கூடக் கிடையாது, அந்த நிமிடமே பார்க்க வேண்டும். ஆகவே யாரிடம் போனாலும் கேட்க வேண்டியது இது: 'ஹயலூரோனிடேஸ் இப்ப கைவசம் இருக்கா?' இந்தக் கேள்விக்கு எரிச்சல்படுகிற டாக்டரிடமும் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பாதி விலை என்றால் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதும் சந்தேகம். திரவ சிலிக்கோனை ஃபில்லர் என்று சொல்லி ஏற்றுகிற ஆட்கள் உண்டு. அதைக் கரைக்க மருந்தே கிடையாது. கால்சியம் கலந்த ஃபில்லர்கள் நல்ல சரக்குதான், ஆனால் அவையும் இந்த மாற்று ஊசிக்குக் கரையாது. முதல் தடவை போடுகிறவர்களுக்கு நான் ஹயலூரானிக் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. சிரிஞ்சை உங்கள் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள். எந்தத் தொகுப்பில் தயாரானது என்று காட்டும் லாட் எண் ஒட்டிய ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சிரிஞ்ச் ஒரு மில்லி. டீஸ்பூனில் ஐந்தில் ஒரு பங்கு. அதற்கே பல ஆயிரம் ஆகும், அதுவும் ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருடம் வரைதான். இரண்டு கன்னத்துக்கும் ஒரு மில்லி போதாமல் போகலாம். தெற்கு ஆவணி மூல வீதியில் மகளுக்கு நகை எடுக்கும்போது இந்தக் கணக்கும் மனதில் இருக்கட்டும்.

தை மாதக் கல்யாணம் என்றால் பல் வேலையை இப்போதே தொடங்குங்கள். பல் பிடுங்கும்போது கிருமி ரத்தத்தில் கலக்க வாய்ப்பு இருப்பதால், அது முடிந்து இரண்டு வாரமாவது கழித்துத்தான் ஃபில்லர். ஊசி போட்டபின் வீக்கமும் கன்றிப்போன நீலமும் அடங்க இன்னொரு இரண்டு வாரம். ஆக, கார்த்திகைக்குள் முடித்துவிட வேண்டும். முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் போடவே கூடாது. போட்ட இரண்டு வாரத்துக்குள் ஃபேஷியல் என்று முகத்தைப் பிசையவும் விடாதீர்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவராக இருந்தால், கன்றிப்போகும் என்று பயந்து நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

கேள்வி: மதுரை–தூத்துக்குடி லாரி ஓட்டுகிறேன். வயது 46. வலது கன்னத்தில் மட்டும் சுருக்கமும் கருப்பும். வாதமா? ஊசி போட்டால் போகுமா?
– வாசகர், கப்பலூர்

பதில்: வாதம் இல்லை தம்பி, வெயில். ஸ்டியரிங் வலது பக்கம், ஜன்னலும் வலது பக்கம். கண்ணாடியை ஏற்றிவிட்டாலும் வெயிலில் இருக்கும் யுவிஏ என்ற புற ஊதாக் கதிர் பக்கவாட்டுக் கண்ணாடி வழியாக உள்ளே வரும். 28 வருடம் லாரி ஓட்டிய ஓர் அமெரிக்கருக்கு ஒரு பக்க முகம் மட்டும் கிழடு தட்டிப்போன படம் 2012-ல் மருத்துவ இதழில் வந்தது. அவருக்கு இடது பக்கம், ஏனென்றால் அங்கே ஸ்டியரிங் இடது பக்கம். இதற்கு ஃபில்லர் உதவாது. எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன், முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம், டீக்கு நிறுத்தும் இடத்தில் இன்னொரு தடவை. ஆறாத புண்ணோ, வளர்கிற மச்சமோ அந்தப் பக்கம் இருந்தால் காத்திருக்காமல் ராஜாஜி ஆஸ்பத்திரி தோல் பிரிவில் காட்டுங்கள்.

கேள்வி: கல்லூரி மாணவி, வயது 20. கருவளையத்துக்கு ஃபில்லர் போடலாமா?
– வாசகி, மேலூர்

பதில்: வேண்டாம்மா. குழி விழுந்து நிழல் தட்டினால்தான் அது பயன்படும். உன் வயதில் பெரும்பாலும் தோலின் நிறம்தான் காரணம். ஊசி குத்திய இடம் நம் நிறத்துக்கு இன்னும் கருத்துப்போகவும் கூடும். மூக்கில் அலர்ஜி இருந்து கண்ணை அடிக்கடி கசக்குகிறாயா என்று பார். ஹீமோகுளோபின் எவ்வளவு என்று ஒரு டெஸ்ட் எடுத்து, அந்தச் சீட்டோடு எழுது.