ஆங்கில இலக்கியத் தாளுக்கு விடை எழுதுவது எப்படி? வன்னிப் பிள்ளைகளுக்குக் கேள்வி பதில்

ஓ.எல். (க.பொ.த. சாதாரண தரம்) சோதனைக்கு ஆங்கில இலக்கியம் எடுக்கும் பிள்ளைகளும் ஒரு தாயும் கேட்ட கேள்விகள் இவை. கிளிநொச்சிப் பக்கம் இந்தப் பாடம் படிப்பிக்கிறவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். பாடப்பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் கீழே வரும் கவிதையும் கதையும் உதாரணத்துக்குத்தான். விடை எழுதும் முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

முள்ளியவளை, தரம் 11: மிஸ், ரியூசனில் தந்த நோட்ஸ் முழுக்கப் பாடமாக்கிவிட்டேன். அது போதும்தானே?

போதாது பிள்ளை. நோட்ஸில் எல்லாம் இருக்கும், ஆனால் கேள்வி ஒரு விஷயத்தைத்தான் கேட்கும். கழுகின் வலிமையைக் கவிஞர் எப்படிக் காட்டுகிறார் என்று கேட்டிருக்க, கவிஞர் எங்கே பிறந்தார், என்னென்ன எழுதினார் என்று அரைப் பக்கம் நிரப்பினால் அந்த அரைப் பக்கமும் வீண். கேள்வியில் எது முக்கியமான சொல் என்று பார்த்து அதன் கீழே கோடு போடுங்கள். விடையின் முதல் வசனமே அந்தச் சொல்லுக்குப் பதிலாக இருக்கட்டும்.

ஒட்டுசுட்டான், தரம் 10: 'த ஈகிள்' மொத்தமே ஆறு வரி. அதை வைத்து ஒரு பக்கம் எப்படி எழுதுவது?

ஆறு வரி என்பதுதான் உங்களுக்கு வசதி, ஒரு சொல்லையும் விடாமல் பார்க்கலாம். ஆங்கிலக் கவிஞர் ரெனிசன் கழுகைப் பற்றி எழுதி 1851இல் வெளியிட்ட கவிதை இது. முதல் வரியில் கழுகு பாறையைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. நகம் என்று சொல்லாமல் வளைந்த கைகள் என்கிறார், அப்போதே அது வெறும் பறவை இல்லை, ஓர் ஆள் போல ஆகிவிடுகிறது. 'கிளாஸ்ப்ஸ்', 'கிராக்', 'குரூக்கட்' என்று அந்த வரியில் வரும் 'க' ஓசையை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள், பிடியின் இறுக்கம் நாக்கிலேயே தெரியும். அப்புறம் கீழே கடல், சுருக்கம் விழுந்து ஊர்கிறது என்கிறார். இவ்வளவு பெரிய கடலின் அலை தோலில் விழுந்த சுருக்கம் மாதிரித் தெரிய வேண்டுமென்றால் பார்க்கிறவன் எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும்! ஐந்து வரி முடியும் வரைக்கும் கழுகு இடத்தை விட்டு அசையவில்லை. நிற்கிறது, பார்க்கிறது, அவ்வளவுதான். ஆறாவது வரியில் இடி விழுந்த மாதிரி விழுகிறது. அவ்வளவு நேரம் அசையாமல் வைத்திருந்ததால்தான் அந்த வேகம் நம்மைத் தாக்குகிறது. இரணைமடுக் குளக்கரையில் பட்டமரத்தில் அமர்ந்திருந்த பருந்து சட்டென்று தண்ணீரில் பாய்வதைக் கண்ட பிள்ளைக்கு இந்த வரியை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இதை எழுதும்போது ஒவ்வொரு பந்தியிலும் உங்கள் கருத்து, அதற்குச் சான்றாகக் கவிதையிலிருந்து இரண்டு மூன்று சொல், அந்தச் சொற்கள் அங்கே என்ன செய்கின்றன என்ற விளக்கம், மூன்றும் வர வேண்டும். மூன்றாவதைத்தான் அநேகமானவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

வவுனியா, தரம் 11: சிறுகதைக் கேள்விக்கு மூன்று பக்கம் எழுதினேன். "கதையைத் திரும்பச் சொல்லியிருக்கிறாய்" என்று ரீச்சர் குறைத்துவிட்டார்.

ரீச்சர் சரியாகத்தான் செய்திருக்கிறார். கதை அவருக்குத் தெரியும், நீங்கள் அதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்பதுதான் தெரியாது. ஆங்கில எழுத்தாளர் சாகி எழுதிய 'த லம்பர் ரூம்' கதையை எடுத்துக்கொள்வோம். அதில் வரும் சிறுவன் நிக்கலஸ் குழப்படிகாரனா, புத்திசாலியா என்று கேள்வி. பாலும் பாணும் இருந்த கோப்பைக்குள் தவளையைப் போட்டதிலிருந்து தொடங்கி வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகாதீர்கள். முதலில் ஒரு பக்கம் நில்லுங்கள்: அவன் புத்திசாலி, பெரியவர்களின் பொய்யைக் கண்டுபிடிக்கிறவன். பிறகு அதற்கு வேண்டிய இடத்தை மட்டும் எடுங்கள். தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்த அன்ரி உதவிக்குக் கூப்பிடுகிறார். தேநீருக்கு ஸ்ட்ரோபெரி ஜாம் கிடைக்குமா என்று அவன் கேட்கிறான், கட்டாயம் கிடைக்கும் என்கிறார். ஜாம் இல்லை என்று முன்பு பிள்ளைகளிடம் சொன்னவரும் அவரேதான். அந்த ஒரு ஜாம் போத்தலை வைத்து ஒரு முழுப் பந்தி எழுதலாம்.

புதுக்குடியிருப்பு, தரம் 11: போர் பற்றிய கவிதை வந்தால் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதலாமா?

இதற்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கவிஞர் ஸ்டீபன் கிரேன் எழுதிய 'வோர் இஸ் கைன்ட்' என்ற கவிதை இருக்கிறது, அதே பெயரில் 1899இல் தொகுப்பும் வந்தது. அழாதே, போர் அன்பானது என்று அதில் ஒரு குரல் மூன்று பேரிடம் சொல்கிறது: காதலனை இழந்த பெண், தகப்பனை இழந்த குழந்தை, மகனை இழந்த தாய். நடுநடுவே முரசும் கொடியும் பெருமைப் பேச்சும் வருகின்றன. கடைசியில் வருபவள் தாய். மகன்மேல் போர்த்திய பளபளப்பான சவத்துணியில் அவளுடைய மனம் ஒரு பொத்தானைப் போலத் தொங்குகிறது என்கிறார் கிரேன். துணி எவ்வளவு பெரிது, பொத்தான் எவ்வளவு சிறிது என்று பாருங்கள்.

செத்தவீட்டில் ஒரு தாயிடம் பெரிய பெரிய வார்த்தை சொல்லி அழுகையை நிறுத்தப் பார்த்தவர்களைக் கண்ட பிள்ளைக்கு, இந்தக் குரல் சொல்வது உண்மை இல்லை, கவிஞர் நேர் எதிரானதைத்தான் சொல்கிறார் என்று முதல் வாசிப்பிலேயே பிடிபடும். அந்தப் பிடிப்போடு எழுதுங்கள். ஆனால் விடைத்தாளில் கவிதையின் வரி இருக்கட்டும், வீட்டுக் கதை வேண்டாம், கேள்வி கேட்டது கவிதையைப் பற்றி. வீட்டில் நடந்ததை வேறொரு கொப்பியில் எழுதுங்கள், கட்டாயம் எழுதுங்கள். புள்ளி போடுவதற்கான எழுத்து இல்லை அது.

நெடுங்கேணி, தரம் 10: சிமிலி (உவமை), மெட்டஃபர் (உருவகம்) என்று பெயர்களை எழுதினால் புள்ளி வருமா?

பெயர் மட்டும் என்றால் கொஞ்சம்தான். இந்த இடத்தில் ஏன் அந்த உவமை என்று சொன்னால்தான் விடை முழுமையாகும்.

மாங்குளம், ஒரு தாய்: எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இங்கிலிஷ் தெரியாது. மகள் இந்தப் பாடம் எடுக்க ஆசைப்படுகிறாள், விடலாமா?

விடுங்கள் அக்கா. சின்னச் சின்ன வசனத்தில் பிழையில்லாமல் எழுதினாலே நல்ல விடை வரும், அலங்காரமான இங்கிலிஷ் தேவையில்லை. உங்களாலும் உதவ முடியும். பின்னேரத்தில் வேலை செய்துகொண்டே, படித்த கதையைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். சொல்லி முடிய, "அவன் ஏன் அப்படிச் செய்தான்? உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். சோதனைத் தாளிலும் அதைத்தான் கேட்கிறார்கள்.

கிளிநொச்சி, தரம் 11: மேற்கோள் ஒரு சொல் பிழைத்தால் புள்ளி போய்விடுமா? நேரமும் போதாமல் வருகிறது.

முழு வரியாகப் பாடமாக்குவதால்தான் பிழைக்கிறது. இரண்டு மூன்று சொல் போதும், அதை உங்கள் வசனத்துக்குள்ளேயே வைத்து எழுதுங்கள். நிச்சயமில்லாத வரி என்றால் மேற்கோள் குறி போடாமல் கருத்தை மட்டும் உங்கள் சொல்லில் சொல்லுங்கள். நேரம் போதாமல் போவதற்குக் காரணம், பிடித்த கவிதையில் அதிக நேரம் நின்றுவிடுவது. வீட்டில் மணிக்கூட்டை வைத்துக் கடந்தகால வினாத்தாள் செய்யும்போது, ஒரு கேள்விக்கான நேரம் முடிந்ததும் பாதி வசனத்தில் என்றாலும் நிறுத்தி, அடுத்த கேள்விக்குப் போய்ப் பழகுங்கள். இடம் விட்டு வைத்தால் திரும்பி வந்து முடிக்கலாம்.