அழற்சி மரபணுக்களும் நுரையீரல் புற்றுநோயும்: கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்கு நுரையீரல் கேன்சர், டாக்டர். ஐஎல்1பி மாதிரி, உடலில் அழற்சியைத் தூண்டும் மரபணுக்களுக்கு டெஸ்ட் எடுத்தால் எனக்கு வருமா என்று தெரியுமா?

பதில்: தெரியாது, பணத்தை வீணாக்காதீர்கள். அந்த மரபணுக்களில் ஒரு மாறுபாடு ஆபத்தை 1.2 மடங்காக்குகிறது என்றே வைத்துக்கொள்வோம். 1,000 பேரில் 10 பேருக்கு வரும் நோய் 12 பேருக்கு வரும், அவ்வளவுதான். புகைப்பழக்கமோ 15 முதல் 30 மடங்கு கூட்டுகிறது. ‘ஆபத்து குறைவு’ என்ற ரிப்போர்ட்டை நம்பிச் சிகரெட்டைத் தொடர்கிறவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ நோய் வந்திருந்தால் ஆபத்து ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அதை உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். அப்பாவின் கட்டியில் ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே மரபணுக்களில் மாற்றம் உண்டா என்ற சோதனை அவசியம். மருந்தைத் தேர்ந்தெடுக்க அது வேண்டும். அந்த மாற்றங்கள் பெரும்பாலும் கட்டியில் மட்டுமே தோன்றியவை, பிள்ளைகளுக்குக் கடத்தப்படுவதில்லை.

கேள்வி: அப்படியென்றால் அழற்சிக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமே இல்லையா?

பதில்: நிச்சயமாக உண்டு. 2017இல் வெளியான கேன்டாஸ் ஆய்வில், மாரடைப்பு வந்த, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி புரதம் லிட்டருக்கு 2 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்த 10,061 பேர் பங்கேற்றனர். ஐஎல்1பி மரபணு உண்டாக்கும் ஐஎல்-1 பீட்டா என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் கனகினுமாப் மருந்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை 300 மி.கி. பெற்றவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின. நோய் வந்த பிறகு இதே மருந்தைக் கொடுத்துப் பார்த்த கேனோபி ஆய்வுகள் தோற்றன. ஆகவே இந்தப் பாதை நோயில் பங்கு பெறுவது உண்மை; அதே மரபணுவில் பிறவியிலேயே உள்ள சிறு மாறுபாடுகளின் விளைவு மட்டும் மிகச் சிறியது.

கேள்வி: புகைக்காத பெண்களுக்கு ஏன் வருகிறது? விறகடுப்புப் புகையாலா?

பதில்: வீட்டுக்குள் வரும் விறகுப் புகையை ‘அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும்’ என்ற 2ஏ பிரிவில், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பான ஐஏஆர்சி வைத்திருக்கிறது. காரணத்தின் ஒரு பகுதி 2023இல் தெளிவானது: நோயில்லாத நுரையீரல் திசு மாதிரிகளிலேயே 18 சதவீதத்தில் ஈஜிஎஃப்ஆர் மாற்றமும், 53 சதவீதத்தில் கேராஸ் என்ற இன்னொரு மரபணுவில் மாற்றமும் இருந்தன. காற்றிலுள்ள பிஎம் 2.5 என்ற மிக நுண்ணிய தூசி படும்போது, மேக்ரோஃபேஜ்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் ஐஎல்-1 பீட்டாவைச் சுரக்க, சும்மா இருந்த, மாற்றம் கொண்ட அந்த நுரையீரல் செல்கள் பெருகத் தொடங்குகின்றன. எலிகளில் ஐஎல்-1 பீட்டாவைத் தடுத்தபோது கட்டிகள் குறைந்தன. சமையலறையில் புகை வெளியேற வழி செய்யுங்கள். முடிந்தால் கேஸுக்கு மாறுங்கள்.

கேள்வி: எம்.எஸ்சி. ப்ராஜெக்ட், சார். 120 நோயாளிகள், ஒப்பிட நோயில்லாத 120 பேர் (கன்ட்ரோல்). ஐஎல்6 என்ற அழற்சி மரபணுவின் -174 இடத்து மாறுபாட்டில் பி மதிப்பு (தற்செயலாகவே இப்படி வரும் வாய்ப்பு) 0.03. தொடர்பு உண்டு என்று எழுதலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். மொத்தம் எத்தனை மாறுபாடுகள் பார்த்தீர்கள்? 20 பார்த்தால் சராசரியாக ஒன்று தற்செயலாகவே 0.05க்குக் கீழே வரும். அடுத்தது, -174 ஒரு ஜி/சி மாறுபாடு, அதாவது அந்த இடத்தில் டிஎன்ஏ எழுத்து ஜி அல்லது சி. டிஎன்ஏவின் எதிர் இழையில் படித்தாலும் அதே இரண்டு எழுத்துகள்தான் வரும், ஆகவே இழை மாறினால் முடிவே தலைகீழாகும். அல்லீல் (ஜி, சி என்ற இரண்டு வடிவங்கள்) விகிதத்தை ஒப்பிட்டுச் சரிபாருங்கள். என்எல்ஏ III நொதியால் வெட்டியிருந்தால் சி அல்லீல்தான் வெட்டுப்படும். வெட்டு முழுமையடையாவிட்டால் இரண்டு பிரதியும் சி ஆன (சிசி) டிஎன்ஏ மாதிரி, ஜிசி போலத் தெரியும். அதனால் வெட்டிய துண்டுகளைப் பிரித்துக் காட்டும் ஒவ்வொரு ஜெல்லிலும் தெரிந்த சிசி மாதிரி ஒன்றை ஓட்டுங்கள், பத்தில் ஒன்றை மறுபடி சோதியுங்கள். கன்ட்ரோலில் ஹார்டி–வைன்பெர்க் சமநிலை (ஜிஜி, ஜிசி, சிசி எண்ணிக்கைகள் அல்லீல் விகிதத்துக்குப் பொருந்துவது) குலைந்திருந்தால் முதலில் ஜெல்லைச் சந்தேகியுங்கள். புகைப்பழக்கத்தை ‘உண்டு, இல்லை’ என்று எழுதாமல் பேக்-இயரில் (தினசரி பாக்கெட் × வருடங்கள்) கணக்கிடுங்கள். காக்ஸ்-2 என்ற அழற்சி மரபணுவின் 8473 மாறுபாட்டுக்கு நடந்ததைப் பாருங்கள்: 2004இல் சிறிய நார்வே ஆய்வில் தொடர்பு தெரிந்தது. அடுத்த ஆண்டே, மத்திய, கிழக்கு ஐரோப்பாவில் 2,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்துப் பார்த்தபோது காணோம்.

கேள்வி: டிஎன்எஃப் என்ற அழற்சி மரபணுவின் -308 மாறுபாட்டை நம்பலாமா?

பதில்: அது நோயெதிர்ப்புக்கான ஹெச்எல்ஏ மரபணுக்களுக்கு நடுவே, 6ஆம் குரோமோசோமின் 6பி21 பகுதியில் இருக்கிறது. அங்கே மாறுபாடுகள் கூட்டமாகக் கடத்தப்படுவதால், சிக்னல் வந்தாலும் டிஎன்எஃப்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

கேள்வி: அழற்சியைக் குறைக்க ஆஸ்பிரின், வைட்டமின் மாத்திரை போடலாமா?

பதில்: இதற்காக வேண்டாம். ஆஸ்பிரினால் இரைப்பையில் ரத்தக்கசிவு வரலாம். பீட்டா கரோட்டின் மாத்திரை, புகைப்பவர்களிடம் நுரையீரல் புற்றுநோயைக் கூட்டியதை 1990களில் இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டின.

கேள்வி: வயது 58. தினம் ஒரு பாக்கெட், 25 வருடம். நிறுத்தி 6 வருடம் ஆகிறது. என்ன செய்ய?

பதில்: உங்கள் கணக்கு 25 பேக்-இயர். அமெரிக்காவின் 2021 பரிந்துரைப்படி 50–80 வயது, 20 பேக்-இயர், நிறுத்தி 15 ஆண்டுக்குள் என்றால் ஆண்டுக்கொரு முறை குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேன். நீங்கள் அதில் வருகிறீர்கள். மார்பு எக்ஸ்ரே இதற்கு ஈடாகாது. முன்பு டிபி வந்திருந்தால் ஸ்கேனுக்கு முன்பே சொல்லுங்கள், பழைய படங்களையும் எடுத்துப் போங்கள். ஆறிய தழும்பைக் கட்டி என்று நினைத்துத் தேவையில்லாமல் ஊசி குத்துவதைத் தவிர்க்கலாம்.